நஃப்தும் நடுவர் மன்றமும்: சர்வதேசப் பொருளாதாரச் சட்ட ஆய்வில் ஃபிக்ஹின் இடம்

நாடுகளுக்கிடையே நிகழும் வணிகம், முதலீடு, சுங்கம், கடன், இயற்கை வளங்களின் பயன்பாடு ஆகியவற்றை நெறிப்படுத்தும் விதிகளின் தொகுப்பைச் சர்வதேசப் பொருளாதாரச் சட்டம் என்பர். 1944ஆம் ஆண்டின் பிரெட்டன் வுட்ஸ் மாநாடு, 1947ஆம் ஆண்டின் காட் உடன்படிக்கை, 1995இல் தோன்றிய உலக வர்த்தக அமைப்பு என்ற வரிசையிலேயே இதன் வரலாற்றைப் பாடநூல்கள் பெரும்பாலும் விவரிக்கின்றன. எனினும் இச்சட்டம் ஒரு நாட்டின் சட்டமன்றம் இயற்றி வைத்த நூல் போன்றதன்று. உடன்படிக்கைகளோடும் வழக்காறுகளோடும் அறிஞர்களின் எழுத்தும் சேர்ந்தே இதனை உருவாக்குகிறது.

சர்வதேச நீதிமன்றச் சாசனத்தின் 38ஆம் விதி இதனை வெளிப்படையாகவே கூறுகிறது. உடன்படிக்கை, வழக்காறு, நாகரிக நாடுகள் ஏற்ற பொதுச் சட்டக் கொள்கைகள் ஆகிய மூன்றையும் சொன்ன பின், சட்ட விதி இன்னதெனத் துணிவதற்குரிய துணைச் சாதனங்களாக நீதித் தீர்ப்புகளையும் பல்வேறு நாடுகளின் தகுதிமிக்க சட்ட அறிஞர்களின் எழுத்துகளையும் அது குறிப்பிடுகிறது. ஃபிக்ஹு பயின்றோருக்கு இது புதுமையாகத் தோன்றாது. ஆலிம்களின் ஆய்வு சட்டத்தின் உருவாக்கத்தில் இடம்பெறுவது நம் மரபின் அடிப்படையே ஆகும். ஆனால் ஓர் எழுத்து மன்றத்தில் பயன்பட வேண்டுமாயின் அது மன்றத்தைச் சென்றடைந்திருத்தல் வேண்டும். சென்றடையாதபோது என்ன நேர்ந்தது என்பதை வளைகுடாவின் எண்ணெய் வழக்குகள் சில தெளிவாக உணர்த்துகின்றன.

ஸியர் நூல்களும் சுங்க விதியும்

இஸ்லாமியச் சட்ட மரபில் நாடுகளிடை உறவுகளைக் கூறும் இயலுக்கு ஸியர் என்று பெயர். இதனை விரிவான தனி இயலாக வளர்த்தவர்களுள் முதன்மையானவர் இமாம் முஹம்மத் இப்னுல் ஹஸன் அஷ்ஷைபானீ (ரஹ்) ஆவார். ஹிஜ்ரி 189இல் (கி.பி. 805) மறைந்த இவர் கூஃபாவில் இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களிடமும் இமாம் அபூயூஸுஃப் (ரஹ்) அவர்களிடமும் பயின்றார். பின்னர் மதீனா சென்று இமாம் மாலிக் (ரஹ்) அவர்களிடம் பாடம் கேட்டார். இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்கள் பக்தாதில் இவரிடம் பயின்றார்கள். மாறுபட்ட கருத்துடையோரிடம் பயணம் செய்து கற்பதும், கற்றதை ஒப்பிட்டு எழுதுவதும் இவ்வியலின் பிறப்பிலேயே அமைந்திருந்தன.

ஸியர் என்றாலே போர்ச் சட்டம் என எண்ணுவோர் பலர். அதில் வணிகத்திற்கும் விரிவான இடமுண்டு. அமான் என்னும் பாதுகாப்பு உறுதி பெற்று வரும் அயல்நாட்டு வணிகரின் உயிரும் பொருளும் எவ்வாறு காக்கப்பட வேண்டும், அவருடைய கடன்களும் ஒப்பந்தங்களும் எந்நிலை பெறும் என்பன அங்கே ஆராயப்படுகின்றன. சுங்கம் பற்றிய விதியோ இமாம் அபூயூஸுஃப் (ரஹ்) அவர்களின் கிதாபுல் கராஜிலும் பின்வந்த ஹனஃபீ நூல்களிலும் காணக் கிடைக்கிறது. அயல்நாட்டார் முஸ்லிம் வணிகரிடம் பத்தில் ஒரு பங்கு வாங்குவதாக அபூமூஸா அல்அஷ்அரீ (ரலி) அவர்கள் எழுதியபோது, அவர்கள் நம் வணிகரிடம் வாங்கும் அளவே அவர்களிடமும் வாங்குமாறு கலீஃபா உமர் (ரலி) அவர்கள் பணித்தார்கள்.

இவ்விதிக்கு ஹிதாயா ஆசிரியர் இடும் எல்லைகள் கருதத்தக்கவை. அவர்கள் நம்மவரிடம் ஒன்றும் வாங்கவில்லையெனில் நாமும் வாங்கலாகாது. அவர்கள் தொடர்ந்து வாங்காதிருப்பதற்கு அது வழியாகும் என்பதோடு, உயர்ந்த பண்புக்கு நாமே அதிக உரியவர்கள் என்பதும் காரணமாகச் சொல்லப்படுகிறது. அவர்கள் நம் வணிகரின் பொருள் முழுவதையும் பறித்தாலும் நாம் முழுவதையும் பறிக்கலாகாது. கொடுத்த அமானுக்கு அது துரோகமாகிவிடும். ஒத்த அளவில் பதில் செய்தல் என்னும் கொள்கையும் அதற்கு அறநெறி இடும் வரம்பும் இங்கே ஒருங்கே நிற்கின்றன. ஓர் உறுப்பு நாடு மேற்கொள்ளும் பதில் நடவடிக்கை, தான் அடைந்த பாதிப்பின் அளவை மிஞ்சலாகாது என இன்றைய உலக வர்த்தக அமைப்பின் பிணக்குத் தீர்வு விதிகள் கூறுகின்றன. இரண்டும் ஒன்றே என்று சொல்ல நாம் வரவில்லை. இரண்டையும் அருகருகே வைத்து ஆராயத் தகும் என்பதே நம் கருத்து.

1951, 1953, 1958: மூன்று தீர்ப்புகள்

1939இல் அபூதபீ ஆட்சியாளர் ஷைகு ஷக்பூத் ஓர் எண்ணெய் நிறுவனத்திற்கு 75 ஆண்டுகளுக்கான உரிமை வழங்கினார். கடலடி நிலத்திலுள்ள எண்ணெயும் அவ்வுரிமையில் அடங்குமா என்ற பிணக்கு பின்னர் எழுந்தது. 1951இல் இதனை விசாரித்த நடுவர் ஆங்கில நீதிபதி ஆஸ்குவித் பிரபு ஆவார். ஒப்பந்தம் அபூதபீயில் செய்யப்பட்டு அங்கேயே நிறைவேற்றப்படுவதால் இயல்பாக அந்நாட்டுச் சட்டமே பொருந்தும் என்பதை அவர் ஒப்புக்கொண்டார். ஆயினும் நவீன வணிக ஆவணங்களுக்குப் பொருள் காணத்தக்க நிலைபெற்ற சட்டக் கொள்கைகள் அத்தகைய பின்தங்கிய பகுதியில் இருப்பதாக எண்ணுவது வெறுங்கற்பனை எனக் கூறி அதனை ஒதுக்கினார். நாகரிக நாடுகளின் பொது நடைமுறையில் வேரூன்றிய ஒருவகை இயற்கைச் சட்டத்தையே பின்பற்றுவதாக அறிவித்த அவர், நடைமுறையில் ஆங்கிலச் சட்ட விதிகள் பலவற்றைக் கையாண்டார். முடிவில், கரையை ஒட்டிய ஆள்புலக் கடலின் அடிநிலம் நிறுவனத்தின் உரிமையில் அடங்கும் என்றும், அதற்கு அப்பாலுள்ள கண்டத் திட்டு அடங்காது என்றும் தீர்ந்தது. பிணக்கின் பெரும்பகுதியில் ஆட்சியாளர் வென்றார். அவருடைய சட்டம் மட்டும் விசாரணையின்றியே தோற்றது.

1953இல் கத்தர் ஆட்சியாளருக்கும் மற்றொரு எண்ணெய் நிறுவனத்திற்கும் இடையிலான வழக்கில் சர் ஆல்ஃபிரட் பக்நில் நடுவராக இருந்தார். இம்முறை இஸ்லாமியச் சட்ட வல்லுநர்களின் சாட்சியம் கேட்கப்பட்டது. எனினும் இத்தகைய ஒப்பந்தத்திற்குப் பொருள் காணப் போதிய கொள்கைகள் அச்சட்டத்தில் இல்லையென்ற முடிவே மீண்டும் எட்டப்பட்டது.

1958ஆம் ஆண்டின் அராம்கோ தீர்ப்பு வேறு வகையானது. 1933இல் சவூதி அரசு வழங்கிய எண்ணெய் உரிமையின் வழியே அராம்கோ செயல்பட்டு வந்தது. 1954இல் கிரேக்கக் கப்பல் அதிபர் ஒனாசிஸுடன் செய்துகொண்ட ஒப்பந்தத்தின் மூலம் எண்ணெயைக் கப்பலில் கொண்டு செல்வதில் அவருடைய நிறுவனத்திற்கு அரசு முன்னுரிமை அளித்தது. தன் உரிமை மீறப்பட்டதாக அராம்கோ வாதிட்டது. சுவிட்சர்லாந்துச் சட்ட அறிஞர் சோசர் ஹால் தலைமையில் அமர்ந்த நடுவர் மன்றத்தில் எகிப்தியச் சட்ட அறிஞர்களும் இடம்பெற்றிருந்தனர். சவூதி சட்டம் என்பது ஹன்பலீ மத்ஹபின்படி அமைந்த ஷரீஅத் சட்டமே என நடுவர் உடன்படிக்கை குறித்திருந்ததால் அதனைச் சட்டமாகவே மதித்து மன்றம் ஆராய்ந்தது. ஒப்பந்தங்களை நிறைவேற்றப் பணிக்கும் குர்ஆனியக் கட்டளையும், ஒப்பந்தச் சுதந்திரம் பற்றி இமாம் இப்னு தைமிய்யா (ரஹ்) கொண்ட கருத்தும் அங்கே எடுத்தாளப்பட்டன. தனிமனிதர் போன்றே ஆட்சியாளரும் தாம் செய்த ஒப்பந்தத்திற்குக் கட்டுப்பட்டவர் என்பது முடிவாயிற்று. அராம்கோ வென்றது.

இத்தீர்ப்பில் ஷரீஅத் ஓர் அயல் நிறுவனத்தின் பக்கம் நின்று அரசருக்கு எதிராகப் பேசியது கண்டு சிலர் மனம் வருந்தக்கூடும். அவ்வாறு வருந்துதல் முறையன்று. ஆள்வோரையும் பிறரையும் ஒரே அளவுகோலால் அளப்பதே ஷரீஅத்தின் பெருமை. நாம் கவனிக்க வேண்டியது அதே தீர்ப்பின் மற்றொரு பகுதியை. சுரங்க உரிமைகள் பற்றியும், அதனினும் மேலாக எண்ணெய் உரிமைகள் பற்றியும் ஹன்பலீ மரபில் துல்லியமான விதிகள் இல்லையெனக் கருதிய மன்றம், அவ்வெற்றிடத்தைப் பொதுச் சட்டக் கொள்கைகளாலும் எண்ணெய்த் தொழிலின் உலக வழக்காறுகளாலும் நிரப்பியது.

நூல்களில் உள்ளது யாது?

அவ்வெற்றிடம் மெய்யாகவே அத்துணைப் பெரியதா? அப்யள் இப்னு ஹம்மால் (ரலி) அவர்கள் மஃரிப் பகுதியின் உப்பு வளத்தை நபி (ஸல்) அவர்களிடம் வேண்டிப் பெற்ற செய்தி அபூதாவூதிலும் திர்மிதீயிலும் பதிவாகியுள்ளது. வற்றாத நீர் போன்ற ஒன்றை அவருக்கு வழங்கிவிட்டீர்கள் என ஒருவர் எடுத்துரைத்தவுடன் நபி (ஸல்) அவர்கள் அதனைத் திரும்பப் பெற்றார்கள். இதன் அடிப்படையில் ஃபுகஹாக்கள் கனிமங்களை இருவகைப்படுத்தினர். பெருமுயற்சியின்றி வெளிப்படையாகக் கிடைப்பவை மஆதின் ளாஹிரா. உழைத்துப் பிரித்தெடுக்க வேண்டியவை மஆதின் பாதினா. முன்னவை மக்கள் அனைவர்க்கும் பொதுவானவை. ஆட்சியாளரும் அவற்றைத் தனியொருவருக்கு உரிமையாக்கித் தர இயலாது.

வெளிப்படையான கனிமங்களுக்கு எடுத்துக்காட்டாக உப்பு, கந்தகம், கீல் ஆகியவற்றோடு நஃப்த் என்ற சொல்லும் ஹன்பலீ மத்ஹபின் பெருநூலாகிய அல்முக்னீயில் உள்ளது. இதன் ஆசிரியர் இப்னு குதாமா (ரஹ்) ஹிஜ்ரி 620இல் (கி.பி. 1223) மறைந்தவர். தமிழகத்திலும் இலங்கையிலும் ஷாஃபிஈ மாணவர்கள் ஓதும் இமாம் நவவீ (ரஹ்) அவர்களின் மின்ஹாஜில், தரிசு நிலத்தை உயிர்ப்பித்தல் பற்றிய பாடத்தில் இதே சொல் வருகிறது. நஃப்த் என்பது இன்றைய அரபியிலும் பெட்ரோலியத்தைக் குறிக்கும் சொல்லே ஆகும். மாலிகீ மத்ஹபின் பெயர்பெற்ற கருத்தோ கனிமங்களின் அதிகாரம் முஸ்லிம்களின் பொதுநலனுக்காக இமாமிடம், அதாவது ஆட்சித் தலைமையிடம், இருக்கும் என்பதாகும்.

அன்று நிலத்தின் மேல் தானே கசிந்த எண்ணெயையே ஃபுகஹாக்கள் கருதினர் என்பது உண்மை. பல்லாயிரம் அடி ஆழத்தில் துளையிட்டு எடுக்கப்படும் எண்ணெய் ளாஹிராவா, பாதினாவா? பொதுவளத்தைத் தனியார்க்கு வழங்கலாகாது என்றால், பொதுநலனுக்காகக் குறித்த காலத்திற்குக் குத்தகையாக விடலாமா? இவை எளிதில் விடை காணத்தக்கவை அல்ல. ஆனால் கேள்விகள் எழுவதற்கே விதிகள் இருந்தாக வேண்டும். அல்முக்னீ கெய்ரோவில் 1920களில் அச்சேறியது. சவூதி நீதிமன்றங்கள் நோக்கத்தக்க ஹன்பலீ நூல்களின் பட்டியலில் 1928ஆம் ஆண்டளவிலேயே இடம்பெற்றது. ஆகவே குறை நூலில் இல்லை. நூலுக்கும் மன்றத்துக்கும் இடையே பாலம் அமையாததே குறை.

பாலம் அமைத்தோர்

அப்பாலத்திற்கான பணி அக்காலத்தில் நடவாமல் இல்லை. 1937இல் தி ஹேக் நகரில் கூடிய ஒப்பியல் சட்ட மாநாட்டில் அல்அஸ்ஹரின் பேராளர்கள் பங்கேற்றனர். பின்னாளில் ஷைகுல் அஸ்ஹராக விளங்கிய மஹ்மூத் ஷல்தூத் அவர்களுள் ஒருவர். இஸ்லாமிய ஷரீஅத் பிற சட்டங்களிலிருந்து பெறப்படாத, தனித்து நிற்கும் உயிருள்ள சட்டமரபு என அம்மாநாடு ஏற்றது. 1951 ஜூலையில் பாரிஸில் இஸ்லாமியச் சட்டத்திற்கென ஓர் ஆய்வு வாரம் நடந்தது. ஆஸ்குவித் பிரபுவின் தீர்ப்பும் அதே ஆண்டினதே என்பதை எண்ணும்போது அறிஞர் அவைக்கும் நடுவர் அவைக்கும் இருந்த தொலைவு புலனாகும். பிரான்சில் சட்டம் பயின்று எகிப்தின் 1948ஆம் ஆண்டுச் சிவில் சட்டத்தை உருவாக்கிய அப்துர் ரஸ்ஸாக் அஸ்ஸன்ஹூரீ, 1950களில் ஃபிக்ஹையும் மேலைச் சட்டத்தையும் ஒப்பிட்டு ஆற்றிய விரிவுரைகள் இத்துறையில் நிலைத்த செல்வமாகும்.

இந்தியாவின் பங்கும் சிறிதன்று. ஷைபானீயின் பெரிய ஸியர் நூலுக்கு இமாம் ஸரக்ஸீ (ரஹ்) இயற்றிய விரிவுரை ஹிஜ்ரி 1335-36இல் ஹைதராபாத் தாயிரத்துல் மஆரிஃப் வாயிலாக அரபியில் வெளிவந்தது. 1908இல் அந்நகரில் பிறந்த டாக்டர் முஹம்மத் ஹமீதுல்லாஹ் பான் பல்கலைக்கழகத்தில் இஸ்லாமியச் சர்வதேசச் சட்டத்தை ஆராய்ந்து பட்டம் பெற்றார். முஸ்லிம் அரசின் நடத்தை பற்றிய அவருடைய புகழ்பெற்ற ஆங்கில நூல் 1941இல் ஹைதராபாத்தின் காலாண்டிதழான இஸ்லாமிக் கல்ச்சரில் வெளிவந்ததேயாகும். 1955இல் ஜெர்மனியின் கோட்டிங்கன் நகரில் ஷைபானீயின் பெயரால் ஒரு சர்வதேசச் சட்டக் கழகம் அமைந்தது. 1966இல் மஜீத் கத்தூரீயின் ஆங்கில மொழிபெயர்ப்பு அமெரிக்காவில் வெளியாயிற்று. அதன் பின்னரே சட்டக் கல்லூரிகளில் ஷைபானீ பரவலாகப் பேசப்பட்டார். ஓர் அச்சுப் பதிப்பும், ஓர் இதழும், ஒரு மொழிபெயர்ப்பும் செய்யக்கூடியதை இவ்வரலாறு காட்டுகிறது.

2004இன் பாடம்

ஆய்வுப் பரிமாற்றத்தின் தேவை எண்ணெய் வழக்குகளோடு முடிந்துவிடவில்லை. பஹ்ரைனின் ஷாமில் வங்கிக்கும் வங்கதேசத்தின் பெக்சிம்கோ குழுமத்திற்கும் இடையிலான வழக்கில் இங்கிலாந்து மேல்முறையீட்டு நீதிமன்றம் 2004இல் தீர்ப்பளித்தது. ஷரீஅத்தின் கொள்கைகளுக்கு உட்பட்டு ஆங்கிலச் சட்டமே ஆளும் என ஒப்பந்தத்தில் எழுதப்பட்டிருந்தது. கடன்பட்ட தரப்பினர், இது மெய்யான முராபஹா அன்று, ஆகவே செல்லாது என வாதிட்டனர். அக்காலத்தில் அங்கே பொருந்திய ரோம் உடன்படிக்கைப்படி ஒரு நாட்டின் சட்டத்தையே ஆளும் சட்டமாகத் தெரிவு செய்யலாம் என்றும், ஷரீஅத்தின் கொள்கைகள் என்ற பொதுச் சொல் எந்த விதியைக் குறிக்கிறதெனத் தெளிவில்லை என்றும் நீதிமன்றம் கூறி அவ்வாதத்தைத் தள்ளியது.

கடனைத் தட்டிக்கழிக்க ஷரீஅத்தின் பெயர் கேடயமாக்கப்பட்டது வேதனைக்குரியது. எனினும் நீதிமன்றம் சுட்டிய குறை நம் சிந்தனைக்குரியது. பொதுவான புகழ்மொழி மன்றத்தில் சட்டமாகாது. இன்ன மத்ஹபு, இன்ன விதி, இன்ன நிபந்தனை என வரையறுத்துக் கூறினாலன்றி நடுவர் அதனைக் கையாள இயலாது. 1991 முதல் பஹ்ரைனிலிருந்து செயல்படும் இஸ்லாமிய நிதி நிறுவனங்களுக்கான கணக்கியல், தணிக்கை அமைப்பு ஷரீஅத் நெறிமுறைகளை எண்ணிட்டுத் தொகுத்து வெளியிடுவது இவ்வகையில் பயனுள்ள பணியாகும்.

நம் கடமை

நாகரிக நாடுகள் என்ற பழைய சொல்லை ஐ.நா.வின் சர்வதேசச் சட்ட ஆணையம் 2023இல் ஏற்ற வரைவு முடிவுகளில் விடுத்து, நாடுகளின் சமூகம் என்ற சொல்லைக் கையாண்டுள்ளது. கதவு முன்பைவிட அகலமாகத் திறந்திருக்கிறது. உள்ளே கொண்டுசெல்லும் சரக்கு நம்மிடம் ஆயத்தமாக உள்ளதா என்பதே கேள்வி.

ஹிதாயாவில் ஆஷிரிடம் கடந்து செல்வோர் பற்றிய பாடத்தையும் மின்ஹாஜில் கனிமங்கள் பற்றிய பகுதியையும் இன்றைய நடைமுறைக்கு ஒவ்வாதவை எனக் கருதி நம் அரபிக் கல்லூரிகள் விரைந்து கடந்துவிடுகின்றன. அவ்விடங்களில் சற்றே நின்று, மேலே கூறிய தீர்ப்புகளுள் ஒன்றை மாணவர் முன் வைத்து, இவ்வழக்கில் நீர் நடுவராயின் எந்த இபாரத்தை எடுத்துக்காட்டுவீர் என வினவலாம். சட்டக் கல்லூரி ஆசிரியர்களை ஆண்டுக்கு ஒருமுறையேனும் அழைத்து நம் கிதாபுகளை அவர்களோடு சேர்ந்து ஓதலாம். ஷாஃபிஈ, ஹனஃபீ நூல்களிலுள்ள கனிமம், சுங்கம், அமான் பற்றிய பகுதிகளைத் தெளிந்த குறிப்புகளோடு தமிழிலும் ஆங்கிலத்திலும் பெயர்த்து வெளியிடலாம். பெருஞ்செலவு வேண்டாத பணிகள் இவை. நடுவர் மன்றத்தில் ஒருவர் நஃப்த் என்ற சொல்லைத் தேடும் நாளில், அது எந்நூலில் எப்பாடத்தில் உள்ளதெனக் காட்டுவோர் நம் மாணவர்களாக இருத்தல் வேண்டும். அதற்கான அறிவையும் உழைப்பையும் வல்ல அல்லாஹ் நமக்கு அருள்வானாக.