உங்களுக்குத் தெரியுமா? வள்ளியும் நாரதரும் ஆடும் ஆர்.பி.ஜி.

● கம்ப்யூட்டர் விளையாட்டுகளில் 'ரோல் பிளேயிங் கேம்', சுருக்கமாக ஆர்.பி.ஜி., என்று ஓர் இனம் உண்டு. ஒரு பாத்திரத்தை எடுத்துக்கொண்டு, அதன் வாயால் பேசி, அதன் கையால் வாள் வீசி, ஒரு கதைக்குள் நாற்பது ஐம்பது மணி நேரம் குடியிருப்பதுதான் ஆட்டம். இதன் தாய்வீடு கம்ப்யூட்டர் அல்ல. காகிதம், பென்சில், பகடை! 1974-இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் வெளியிட்ட 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்'தான் மூலம். அடுத்த ஆண்டே இல்லினாய்ஸ் பல்கலைக்கழகத்தில், பாடம் நடத்துவதற்காக வைத்திருந்த பிளேட்டோ கணினியில் அதைத் தழுவி ஓர் ஆட்டம் எழுதிவிட்டார்கள். பார்ப்பவர்களுக்குச் சந்தேகம் வராமலிருக்க 'பெடிட்5' என்ற பாடக் கோப்பின் பெயரிலேயே அதை விட்டுவைத்தார்கள். நிர்வாகம் கண்டுபிடித்து அழித்தது. ஆனால் அதற்குள் ருசி பரவிவிட்டது.

● அமெரிக்கா கிடக்கட்டும். புதுக்கோட்டைச் சீமையில் திருவிழாக் காலத்தில் கிராமத்துக்குக் கிராமம் நடக்கும் 'ஸ்பெஷல் நாடகம்' எப்படி நடக்கிறது தெரியுமா? ராஜபார்ட் ஓர் ஊரிலிருந்து வருவார். ஸ்திரீபார்ட் இன்னோர் ஊர். பபூன், டான்ஸ், ஆர்மோனியம், மிருதங்கம் என ஒவ்வொருவரையும் தனித்தனியாகப் பேசி அமர்த்துகிறார்கள். நோட்டீஸில் எல்லோர் படமும் ஊர்ப்பெயரோடு இருக்கும். ஆனால் ஒத்திகை கிடையாது. முன்பின் சேர்ந்து நடிக்காதவர்கள்கூட அன்றிரவு மேடையில்தான் சந்திப்பார்கள்.

அப்புறம் எப்படி விடிய விடிய நாடகம் ஓடுகிறது? கதையும் பாட்டும் எல்லோருக்கும் பொது. சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) வகுத்துக் கொடுத்த பாதை அது. 'வள்ளி திருமணம்' என்றால் வள்ளிக்கு முருகனோடு கல்யாணம் ஆகியே தீரும், யாராலும் மாற்ற முடியாது. ஆனால் நடுவில் வள்ளிக்கும் நாரதருக்கும் ஒரு தர்க்கம் வரும் பாருங்கள், அதில் யார் எந்தக் கேள்வி கேட்பார், எதிராளி எப்படி மடக்குவார் என்பது அந்த ராத்திரிதான் பிறக்கும். நாரதர் கொக்கி போட, வள்ளி அதைத் திருப்பி அவர் காலிலேயே மாட்டிவிட, கூட்டம் விசிலடிக்கும். மறுநாள் டீக்கடையில் பேசப்படுவது கல்யாணம் அல்ல, தர்க்கம்தான்.

நல்ல ஆர்.பி.ஜி.க்கும் இதுதான் இலக்கணம். முடிவு ஏற்கெனவே எழுதியதாக இருக்கலாம்; போகும் வழி ஆடுகிறவர் கையில் இருக்க வேண்டும். என்னைக் கேட்டால் ஒரே ஒரு கேள்வியில் தரம் பார்த்துவிடலாம்: நான் பேசியதற்கு ஆட்டம் பதில் சொல்கிறதா, மனப்பாடம் ஒப்பிக்கிறதா?

● 1981-இல் வந்த 'விஸார்ட்ரி'யில் ஆட்டக்காரர் ஆறு பேர் கொண்ட குழுவைக் கட்டிக்கொண்டு பாதாளத்தில் இறங்க வேண்டும். அடிப்பவர், மந்திரவாதி, பூசாரி, திருடர் என ஆளுக்கொரு வேலை. எல்லோரையும் வீரர்களாகவே சேர்த்தால் பொறி வைத்த பெட்டியைப் பத்திரமாகத் திறக்க ஆளிருக்காது. பபூன் இல்லாமல் நாடகம் போட்டுப் பாருங்கள், புரியும்.

● நாடக மேடையிலிருந்து சினிமாவுக்குப் போன பி.யு.சின்னப்பா புதுக்கோட்டைக்காரர் (பிறப்பு 1916). 1940-இல் 'உத்தம புத்திர'னில் இரட்டை வேடம். 1944-இல் 'ஜகதலப்பிரதாப'னில் ஒரே பாட்டுக்கு ஐந்து சின்னப்பாக்கள்: பாடகரும் அவரே, பக்கவாத்தியமும் அவரே! ஒரே ஆள் முழுக் குழுவையும் நடத்துவது கம்ப்யூட்டர் கண்டுபிடித்த வித்தை இல்லை.

● வைகுண்ட ஏகாதசி இரவு கண்விழிக்க ஆடும் பரமபதத்தில் புண்ணியம் ஏணி, பாவம் பாம்பு, உச்சியில் வைகுண்டம். ஒழுக்கத்தையே ஆட்டமாக்கிய பலகை அது. கம்ப்யூட்டரில் அப்படி ஒன்றை 1985-இல் செய்தவர் ரிச்சர்ட் கேரியட், ஆட்டத்தின் பெயர் 'அல்டிமா 4'. முந்தைய ஆட்டங்களில் கடைக்காரரைக் கொள்ளையடித்தாலும் அப்பாவியைக் கொன்றாலும் ஆட்டக்காரர் 'நாயகன்'தான். இது கேரியட்டை உறுத்தியது. நான்காவது ஆட்டத்தில் கடைசியாகக் கொல்ல ஒரு வில்லனே இல்லை. நேர்மை, இரக்கம், வீரம், நீதி, தியாகம், மானம், ஆன்மிகம், பணிவு ஆகிய எட்டுக் குணங்களிலும் தேறி 'அவதார்' ஆவதே இலக்கு. 'அவதார்' என்ற பெயரை நம் புராணங்களிலிருந்துதான் எடுத்தார்.

அதில் ஒரு காட்சி. மூலிகை விற்கும் பெண்ணுக்குக் கண் தெரியாது. விலையைச் சொல்வாள், நீங்கள் எவ்வளவு வைத்தாலும் வாங்கிக்கொள்வாள். குறைத்துக் கொடுத்தால் யாரும் பிடிக்க மாட்டார்கள், மணி அடிக்காது, எச்சரிக்கை வராது. ஆனால் உள்ளே நேர்மைக் கணக்கில் கழிந்துவிடும். பல மணி நேரம் கழித்து, நேர்மையில் ஏன் தேறவில்லை என்று தலையைச் சொறியும்போதுதான் அந்தக் காசு ஞாபகம் வரும்.

பரமபதத்திலிருந்து இது விலகும் இடம் முக்கியமானது. பரமபதத்தில் பாம்பு கடித்தால் பழி தாயக்கட்டையின் மேல். இங்கே பழி உங்கள் மேல்.

● தாயக்கட்டை என்றதும் ஒரு கணக்கு. வழக்கமான பித்தளைக் கட்டை இரண்டு. ஒவ்வொன்றிலும் ஒன்று, இரண்டு, மூன்று புள்ளிகளும் ஒரு வெறும் பக்கமும். மொத்தம் 16 விதமாக விழலாம். தாயம் (ஒன்று) விழ 2 வழி, அதாவது எட்டில் ஒரு பங்கு. இரண்டும் வெறுமையாக விழுந்தால் பன்னிரண்டு. அதற்கு ஒரே வழி, 16-இல் ஒன்று. மூன்று விழத்தான் அதிக வாய்ப்பு, 4 வழி. 'பால்டர்ஸ் கேட் 3' (2023) திரையில் உருளும் இருபது முகப் பகடையில் எல்லா எண்ணுக்கும் ஒரே வாய்ப்பு, 20-இல் ஒன்று. அதனால் அதில் மகா வீரனும் பூட்டிடம் தோற்பான், கோழையும் ஜெயிப்பான். 'டிஸ்கோ எலிசியம்' (2019) ஆட்டமோ நம்மைப்போல இரண்டு பகடையை உருட்டுகிறது. நடு எண்கள் அதிகம் விழும் என்பதால் பாத்திரத்தின் திறமைக்கு மதிப்புக் கூடுகிறது. இரண்டும் ஆறு என்றால் எப்படியும் வெற்றி, இரண்டும் ஒன்று என்றால் எப்படியும் தோல்வி. என் ஓட்டு இரட்டைப் பகடைக்கு.

● அந்த 'டிஸ்கோ எலிசியம்' எஸ்தோனிய நாட்டுக்காரர்கள் எழுதியது. குடித்துக் குடித்துத் தன் பெயரையே மறந்த ஒரு போலீஸ்காரர்தான் நீங்கள். தனியாகச் சண்டைத் திரை கிடையாது. உங்களுடைய 24 திறமைகளும் மண்டைக்குள் ஆளுக்கொரு குரலில் பேசும், ஒன்றையொன்று மறுக்கும், சில நேரம் பொய்யும் சொல்லும். இன்னொரு விசேஷம், பகடையில் தோற்றாலும் பெரும்பாலும் ஆட்டம் முடியாது. தோல்விக்கென்றே தனியாக வசனம் எழுதி வைத்திருக்கிறார்கள், பல இடங்களில் வெற்றியைவிட அதுதான் சுவை. மொத்தம் பத்து லட்சம் சொற்களுக்கு மேல்.

● 1999-இல் வந்த 'பிளேன்ஸ்கேப்: டார்மென்ட்' ஏறத்தாழ எட்டு லட்சம் சொற்கள். சாகவே முடியாத ஒருவன் பிணவறையில் கண்விழிப்பதில் கதை தொடங்குகிறது. படிக்கப் பொறுமை இல்லாதவர்கள் அந்தப் பக்கம் போக வேண்டாம்.

● தண்ணீர்ப் பஞ்சம் புதுக்கோட்டைக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. வானம் பார்த்த பூமி. கண்மாய், ஏந்தல், ஊரணி, சுனை என்று நீரைத் தேக்க எத்தனை வழி உண்டோ அத்தனையும் செய்து வைத்த மாவட்டம். 1997-இல் வெளிவந்து ஆர்.பி.ஜி. உலகையே புரட்டிப்போட்ட 'ஃபால்அவுட்' தொடங்குவதும் தண்ணீரில்தான். அணுகுண்டுப் போருக்குப்பின் பாதாள அறையில் வாழும் சனங்களின் நீர் சுத்திகரிக்கும் கருவியில் ஒரு சில்லு பழுது. 150 நாளுக்குள் வெளியே போய் வேறொன்று கொண்டுவர வேண்டும்; தவறினால் ஊர் தாகத்தில் சாகும்.

இதில் ஒரு குறுக்கு வழியும் உண்டு. சந்தை ஊருக்குப் போய்க் காசு கொடுத்தால் தண்ணீர் வியாபாரிகள் உங்கள் அறைக்கு லோடு அனுப்புவார்கள், கெடு 100 நாள் கூடும். நல்ல காரியம்தானே? ஆனால் ஒளிந்து வாழும் உங்கள் சனங்களின் இருப்பிடம் இப்போது வெளியாட்களுக்குத் தெரிந்துபோயிற்று. முதலில் வந்த பதிப்பில், இதனால் எதிரிப் படை உங்கள் ஊரைக் கண்டுபிடிக்கும் நாளும் முன்னே நகர்ந்துவிடும். டேங்கர் லாரிக்குச் சொல்லிவிட்டுக் காத்திருந்து பழகியவர்களுக்கு இந்த இக்கட்டின் அருமை தெரியும். 'நல்லது, கெட்டது' என்று இரண்டு பொத்தான் வைத்து ஒன்றை அமுக்கச் சொல்லும் ஆட்டங்கள் ஏராளம். அவற்றில் யோசிக்க ஒன்றுமில்லை. நல்லதுக்கும் ஒரு விலை வைக்கிற ஆட்டம்தான் தூக்கத்தைக் கெடுக்கும்.

● அதே 'ஃபால்அவுட்'டில் பாத்திரத்தின் அறிவுப் புள்ளியை மிகவும் குறைத்து வைத்து ஆடினால், அவனுக்கு ஒழுங்காகப் பேச்சே வராது. உறுமலும் ஒற்றைச் சொல்லும்தான். ஊரார் அவனை வேறு மாதிரி நடத்துவார்கள். இதற்காகத் தனியே வசனம் எழுதியிருக்கிறார்கள்.

● 'மாரோவிண்ட்' (2002) ஆட்டத்தில் போக வேண்டிய இடத்தைக் காட்ட அம்புக்குறி கிடையாது. பாலம் தாண்டி, இடப்பக்கம் திரும்பி, பாறையைப் பார்த்து நட என்று யாராவது வழி சொல்வார்கள், நீங்கள்தான் தேட வேண்டும். அடுத்து 2006-இல் வந்த ஆட்டத்தில் அதே நிறுவனம் அம்புக்குறியைக் கொடுத்தது. அன்றிலிருந்து ஆட்டக்காரர்கள் ஊரைப் பார்ப்பதை விட்டு அம்பைப் பார்க்கிறார்கள். இது என் புலம்பல், கண்டுகொள்ள வேண்டாம்.

● அம்பில்லாமல் தேட ஆசையா? புதுக்கோட்டை மாவட்டத்து நார்த்தாமலை மேலமலைக்குப் போங்கள். தலையருவிசிங்கம் சுனை என்று ஒரு நீர்நிலை. பார்த்தால் வெறும் தண்ணீர். உள்ளே, பாறையைக் குடைந்த கோயிலில் ஜுரஹரேஸ்வரர் என்ற லிங்கம் மூழ்கியிருக்கிறது. 1857-இல் புதுக்கோட்டை மன்னர் ராமச்சந்திர தொண்டைமானின் ராணி நீரை இறைக்கச் செய்து வழிபட்டதாகக் கல்வெட்டு சொல்கிறது. எந்த ஆட்டக் கம்பெனிக்காரரும் ரகசிய அறையை இவ்வளவு அழகாக ஒளித்ததில்லை.

● அதே மாவட்டத்துச் சித்தன்னவாசல் ஏழடிப்பட்டத்தில் சமண முனிவர்களின் 17 கற்படுக்கைகளும் தமிழி எழுத்துகளும். குடுமியான்மலையில் பாறை முழுக்கக் கிரந்த எழுத்தில் ஸ்வரங்கள். ஆட்டத்தில் புதிர் வைக்க இடம் தேடுகிறவர்கள் குறித்துக்கொள்ளவும்.

● பெரிய கதைக்கு நடுவே வழியில் வந்து மாட்டும் குட்டிக் கதைகளை 'சைடு குவெஸ்ட்' என்பார்கள். 'பத்து எலி அடித்து வா' வகைதான் அதிகம், ஆளைக் கொல்லும். நல்லதுக்கு உதாரணம் வேண்டுமென்றால் விராலிமலை முருகனுக்குச் சுருட்டுப் படைக்கும் வழக்கத்துக்கு ஊரார் சொல்லும் கதை. கருப்பமுத்து என்ற பக்தர், கொட்டும் மழையில், ஆற்று வெள்ளத்தைத் தாண்ட முடியாமல் குளிரில் நடுங்கி நிற்கிறார். முன்பின் தெரியாத ஒருவர் வந்து சுருட்டுக் கொடுத்து, கரையேற உதவிக் கூட வருகிறார். கோயில் வந்ததும் ஆளைக் காணோம். பரிசுப் பொருள் இல்லை, புள்ளி இல்லை, ஆனால் உலகத்தில் ஒன்று நிரந்தரமாக மாறிவிட்டது: மூலவருக்குச் சுருட்டு. எலி அடித்ததால் எந்த ஊரில் என்ன மாறியது?

● இந்திய மண்ணில் நடக்கும் ஆர்.பி.ஜி.யும் உண்டு. பைரோடாக்டைல் என்ற இந்தியக் குழு 2014-இல் வெளியிட்ட 'அன்ரெஸ்ட்'. பழங்கால இந்தியாவைப் போன்ற கற்பனை உலகில், பிம்ரா என்ற வறண்ட நகரம். நாயகர்கள் வீரர்கள் அல்லர்: பிடிக்காத கல்யாணத்தை எதிர்நோக்கும் விவசாயக் குடும்பத்துப் பெண், நாகர்களின் தூதர், பூசாரி. எதிரே நிற்பவருக்கு உங்கள்மேல் நட்பு எவ்வளவு, மரியாதை எவ்வளவு, பயம் எவ்வளவு என்று மூன்றும் தனித்தனியாக ஏறி இறங்கும். பயப்படுகிறவர் மதிக்கிறார் என்று பொருளில்லை. இந்த நுட்பத்தைப் பெரிய பட்ஜெட் ஆட்டங்கள் பலவும் தவறவிடுகின்றன. படங்கள் சுமார்தான். அது ஒரு குறையே இல்லை.

● 2017-இல் ஐதராபாத் 'ஓகர் ஹெட்' ஸ்டூடியோ கொண்டுவந்த 'அசுரா', வெட்டுக்குத்து வகை. கை வேகமுள்ளவர்களுக்கு.

● கனடாவின் டொரன்டோவில் உருவான 'வெண்பா' (2023) ஆர்.பி.ஜி. இல்லை. 1980-களில் குடியேறிய தமிழ்க் குடும்பத்தின் சமையல் ஆட்டம். அம்மா மகனிடம் என்ன பேசுவது என்று நீங்கள் தேர்ந்தெடுக்கும் இடங்களுக்காக இங்கே சேர்க்கிறேன். அறிமுக ஆட்டத்துக்கான பாஃப்டா விருதை 2024-இல் வாங்கியது.

● கடைசியாக ஒரு தகவல், படிக்கிற பிள்ளைகளுக்கு. இப்படி ஆட்டம் எழுத லட்சக்கணக்கில் பணம் வேண்டாம். 'டுவைன்' என்ற இலவச மென்பொருளில், ஒரு பக்கத்திலிருந்து எந்தப் பக்கத்துக்குப் போகலாம் என்று இணைத்துக்கொண்டே போனால் கிளைவிடும் கதை தயார், தமிழிலேயே எழுதலாம். படமும் நடமாட்டமும் வேண்டுமென்றால் 'கோடோ', அதுவும் இலவசம். 2023-இல் வந்த நான்காம் பதிப்பிலிருந்து கொம்பும் காலும் இடம் மாறாமல் தமிழ் எழுத்துகள் சரியாக வருகின்றன. எழுதத் தொடங்குமுன் ஒரு நாள் ராத்திரி உங்கள் பக்கத்து ஊர் 'வள்ளி திருமண'த்துக்குப் போய், நாரதர் வரும்வரை தூங்காமல் உட்கார்ந்திருங்கள்.