பாட்டு வருது, வெடிச் சத்தம் வரலே! பழைய கம்ப்யூட்டருக்குள் கார்டுகள் குடுமிப்பிடி சண்டை

பழைய கம்ப்யூட்டரில் விளையாட்டு ஓடுகிறது. பின்னணி இசையும் ஜோராகக் கேட்கிறது. ஆனால் துப்பாக்கி சுட்டால் சத்தம் இல்லை!

சில கம்ப்யூட்டர்களில் ஒரே சத்தம், கீறல் விழுந்த இசைத்தட்டு மாதிரி திரும்பத் திரும்ப வருகிறது. வேறு சிலவற்றில் மெஷினே அசையாமல் நின்று விடுகிறது.

உடனே, "சவுண்ட் கார்டு அவுட்! தூக்கிப் போடு" என்று தீர்ப்புச் சொல்லி விடுகிறார்கள்.

அவசரப்பட வேண்டாம். இசை கேட்கிறது என்றாலே கார்டுக்கு உயிர் இருக்கிறது என்று அர்த்தம். பக்கத்தில் இருக்கும் இன்னொரு கார்டோடு அது சண்டை போட்டுக் கொண்டிருக்கலாம். அந்தக் காலத்து அசல் கார்டுகள் இப்போது தயாராவதில்லை. நல்ல கார்டை வீசி எறிந்தால் நஷ்டம் வீசியவருக்குத்தான்.

சிங்கப்பூர் சரக்கு

1987-ம் ஆண்டில் கனடா நாட்டில் இருந்து 'அட்லிப்' என்ற கார்டு வந்தது. அதில் இசை மட்டும்தான் வரும்.

1989-ல் சிங்கப்பூரின் 'கிரியேட்டிவ்' கம்பெனி 'சவுண்ட் பிளாஸ்டர்' கார்டை வெளியிட்டது. 1981-ல் சிம் வோங் ஹூ தன் நண்பருடன் சேர்ந்து தொடங்கிய கம்பெனி அது. (அவர் 2023 ஜனவரியில் காலமானார்.) அட்லிப் இசையும் வரும், பதிவு செய்த குரல், வெடிச் சத்தமும் வரும் என்பதால் கார்டு சக்கைப்போடு போட்டது.

ஆனால், ஒரே கார்டுக்குள் இரண்டு வேலை. அங்கேதான் வந்தது வம்பு!

மூன்று எண்கள்

கம்ப்யூட்டரை ஒரு கடை என்று வைத்துக் கொள்ளுங்கள். கல்லாவில் இருக்கும் முதலாளிதான் பிராசசர் சிப்.

கார்டுக்கு ஒரு கதவு எண் உண்டு. அதற்கு 'போர்ட்' என்று பெயர். சவுண்ட் பிளாஸ்டருக்கு வழக்கமாக 220.

கார்டு முதலாளியைக் கூப்பிட ஓர் அழைப்பு மணி உண்டு. அது 'ஐ.ஆர்.கியூ.'

முதலாளியைத் தொந்தரவு செய்யாமல் கோடவுனில் இருந்து நேராகச் சரக்கு வரும் பின்வாசல் ஒன்றும் உண்டு. அது 'டி.எம்.ஏ.' வழக்கமாக 1-ம் எண்.

இசைக்கு கதவு எண் மட்டும் போதும். பதிவு செய்த சத்தத்துக்கோ மூன்றும் சரியாக இருக்க வேண்டும். 'பாட்டு வருது, வெடி வரலே' என்பதன் ரகசியம் இதுதான்.

ஒரே மணிக்கு இரண்டு பேர்

1984-ல் வந்த ஐ.பி.எம். ஏ.டி. கம்ப்யூட்டரில் பயன்படுத்தக் கூடிய மணிகள் மொத்தம் 15. கடிகாரம், கீ போர்டு, பிளாப்பி, ஹார்ட் டிஸ்க் என்று ஆளாளுக்கு ஒன்றைப் பிடித்துக் கொண்டன. ஆரம்பகால சவுண்ட் பிளாஸ்டருக்கு எட்டக் கூடியவை 2, 3, 5, 7 மட்டுமே. நடைமுறையில் மிஞ்சியவை 5, 7 இரண்டுதான்!

அந்த 7-ம் எண் பிரிண்டருக்கு உரியது. 5-ம் எண்ணில் நெட்வொர்க் கார்டு உட்கார்ந்திருக்கக் கூடும்.

அந்தக் காலத்து 'ஐ.எஸ்.ஏ.' கார்டுகள் ஒரே மணியைப் பங்கு போட்டுக் கொள்ளத் தெரியாதவை. இரண்டு பேர் ஒரே கம்பியை இழுத்தால், கூப்பிட்டது யார் என்று முதலாளிக்குத் தெரியாது.

பிரிண்டரோடு மோதல் எப்போதும் வெடிப்பதில்லை. டாஸ் புரோகிராம்கள் பெரும்பாலும் மணியை எதிர்பார்க்காமலே அச்சடித்து விடும். அதனால்தான் "நேத்து நல்லா இருந்துச்சே!" என்ற புலம்பல்.

துப்பு துலக்குவது எப்படி?

'கார்டே இல்லை' என்று விளையாட்டு சொன்னால், கதவு எண்ணைச் சந்தேகப்பட வேண்டும்.

சத்தம் ஒரு நொடி வந்து நின்றாலோ, அதே துண்டு திரும்பத் திரும்ப வந்தாலோ மணியில் கோளாறு. கையில் இருந்த சரக்கு தீர்ந்து விட்டது. "அடுத்ததை அனுப்பு" என்று அடித்த மணி முதலாளி காதில் விழவில்லை!

இசை வந்து, பதிவு செய்த சத்தம் அடியோடு வராவிட்டாலும், வெறும் இரைச்சலாக வந்தாலும் பின்வாசல் எண்ணைப் பார்க்க வேண்டும்.

செய்ய வேண்டியது

முதலில் பிளக்கைப் பிடுங்க வேண்டும். மின்சாரம் ஓடும்போது கார்டை உருவினால், நல்ல கார்டும் நிஜமாகவே செத்துப் போகும். உஷார்! பெட்டியின் இரும்புச் சட்டத்தைத் தொட்டுவிட்டுத்தான் கார்டைத் தொட வேண்டும்.

திரைக்கான கார்டு, டிஸ்க்குகளுக்கான கார்டு இரண்டை மட்டும் விட்டு, மற்ற எல்லாவற்றையும் கழற்றி விடலாம். பிறகு சவுண்ட் கார்டை மட்டும் செருகிப் பார்க்க வேண்டும்.

சத்தம் வந்து விட்டதா? கார்டு நிரபராதி!

இனி மற்றவற்றை ஒவ்வொன்றாகச் செருக வேண்டும். எதைச் செருகியதும் சத்தம் நிற்கிறதோ, அதுதான் எதிராளி. இரண்டில் ஒன்றின் எண்ணை மாற்றினால் தகராறு தீர்ந்தது. கார்டின் மேல் இருக்கும் சின்னப் பிளாஸ்டிக் தொப்பியை ('ஜம்பர்') வேறு ஊசிகளுக்கு மாற்றினால் எண் மாறும்.

ஒரு துண்டுக் காகிதத்தில் எந்தக் கார்டுக்கு எந்த எண் என்று எழுதி, பெட்டிக்குள்ளேயே ஒட்டி வைப்பது புத்திசாலித்தனம்.

ஒரு வரி மறந்தால் வம்பு

'ஆட்டோஎக்செக்.பேட்' பைலில் 'செட் பிளாஸ்டர்=ஏ220 ஐ5 டி1' என்று ஒரு வரி இருக்கும். கதவு 220, மணி 5, பின்வாசல் 1 என்று பொருள்.

ஜம்பர் வைத்த கார்டுகளில் இந்த வரி கார்டை மாற்றாது. விளையாட்டுகளுக்குத் தகவல் சொல்லும், அவ்வளவுதான். ஜம்பரை 5-ல் வைத்து விட்டு, வரியில் 7 என்று விட்டால் மறுபடியும் மவுனம்தான்!

1995-க்குப் பிறகு

1995 ஆகஸ்டில் வந்த விண்டோஸ் 95, எண்களைத் தானே பங்கிட்டுக் கொடுத்தது. தகராறு இருந்தால் 'டிவைஸ் மேனேஜர்' பட்டியலில் மஞ்சள் நிறத்தில் ஆச்சரியக்குறி காட்டும்.

ஆனால் ஜம்பர் இல்லாத அந்தப் புதுக் கார்டுகளை டாஸில் ஓட்டும்போது, யாராவது எண் கொடுத்தால்தான் அவை விழிக்கும். கிரியேட்டிவ் கார்டுகளுக்கு அந்த வேலையைச் செய்வது 'சி.டி.சி.எம்.' என்ற புரோகிராம். அது ஓடாவிட்டாலும், "கார்டு அவுட்" என்றுதான் தோன்றும்.

சத்தம் போடாத கார்டைக் குப்பைக்கு அனுப்புவதற்கு முன் பார்க்க வேண்டியவை மூன்றே எண்கள். ஸ்குரூ டிரைவர் ஒன்றும், பொறுமை கொஞ்சமும் இருந்தால் போதும். செலவு? காலணா கிடையாது!