மோர் கடைவோம், நெய் சேர்ப்போம்

இடம்பெயர்ந்த இடத்தில் ஒரு பசு மிஞ்சியிருந்தாலும் நெய் சேர்க்கலாம். காய்ச்சிய பால் இளஞ்சூட்டுக்கு ஆறியதும் ஒரு கரண்டி மோரை உறையாக விடுவோம். மறுநாள் விடியற்காலையில் மத்தால் கடைவோம். வெயில் ஏறினால் வெண்ணெய் இளகித் திரளாது. அப்போது சிறிது குளிர்ந்த தண்ணீர் விடவேண்டும்.

பசுப்பாலில் கொழுப்பு ஏறக்குறைய 4 வீதமே. ஆகவே 5 லீற்றர் பாலில் 200 கிராம் வெண்ணெய் கிடைத்தாலே நல்ல பலன். வெண்ணெயில் தண்ணீர் கலந்திருப்பதால் விரைவில் கெடும். சடசடப்பு அடங்கும்வரை உருக்கி, முருங்கையிலை போட்டு இறக்கி, ஈரமில்லாத போத்தலில் மூடிவைத்தால் நெய் மாதக்கணக்கில் இருக்கும். பணமுடை வந்தால் விற்கலாம்.

மோரோ அயலுக்குரியது. விளக்கு வைத்தபின் கொடார். பகலில் கேட்டுவந்தவரை வெறுஞ்செம்புடன் அனுப்பார். கொட்டிலில் வாழ்ந்தாலும் இவ்வழக்கத்தைக் கைவிடாதிருப்போம்.