ஆற அமரக் குறையட்டும் உடற்பாரம்

செஞ்சிக்கு அருகில் உள்ள சிங்கவரம் குன்றில், பாறையைக் குடைந்தெடுத்த சந்நிதியில் அரங்கநாதப் பெருமாள் அறிதுயில் கொண்டிருக்கிறார். செஞ்சி, வல்லம், திண்டிவனம் வட்டாரத்துப் பெரியவர்களுக்கு இப்பெருமாள் நெடுநாளைய உறவு. கைப்பிடியைப் பற்றியபடி படியேறி, மூச்சு வாங்கும் இடத்தில் சற்றே அமர்ந்து, முழங்காலைத் தடவிக்கொண்டு, மீண்டும் ஏறி, அவர்கள் சந்நிதியை அடைந்துவிடுகிறார்கள். அவசரப்படாதவர்கள் ஆதலால் அவர்கள் பாதி வழியில் திரும்புவதில்லை.

இப்பெருமாளைப் பற்றி இப்பகுதியில் வழங்கும் செவிவழிக் கதை ஒன்று உண்டு. செஞ்சியை ஆண்ட தேசிங்குராஜனுக்கு இவரே இஷ்டதெய்வம். 1714ஆம் ஆண்டு, ஆற்காட்டு நவாபு சாதத்துல்லா கானின் பெரும்படை நெருங்கியபோது, போருக்குப் புறப்படுமுன் தேசிங்கு இச்சந்நிதியில் விடைபெற வந்தான். இன்று போக வேண்டாம் என்பதுபோலப் பெருமாள் திருமுகத்தைத் திருப்பிக்கொண்டார் என்பர். இளங்கன்றுக்குப் பொறுமை இல்லை. சிறு படையுடன் விரைந்தான், களத்தில் மாண்டான். அவன் வீரத்தைப் பாடிய தெருக்கூத்தும் கதைப்பாடலும் இன்றும் இம்மண்ணில் வாழ்கின்றன. வீரத்தைப் போற்றும் அதே ஊரார், பெருமாள் காட்டிய குறிப்பையும் மறவாமல் சொல்லிவருகின்றனர்.

அவசரத்துக்கு இன்று போர்க்களம் தேவையில்லை. கையிலிருக்கும் கைபேசியே போதும்.

வீட்டுக்குள் வந்த அவசரம்

பத்து நாளில் பத்துக் கிலோ குறையும், ஒரு மாதத்தில் தொப்பை கரையும் என்று நாளொன்றுக்கு எத்தனையோ விளம்பரங்கள் கண்ணில் படுகின்றன. முழங்கால் வலிக்கு எடையைக் குறையுங்கள் என்று மருத்துவர் சொல்லியனுப்பிய மூதாட்டிக்கும், திருமணத்துக்குமுன் இளைத்துவிட வேண்டும் என்று எண்ணும் பேத்திக்கும் அவை ஒரே குரலில் ஆசை காட்டுகின்றன. மாவு, கஷாயம், மாத்திரை, பட்டினி என்று ஒவ்வொன்றும் ஒவ்வொரு பெயரில் வருகிறது. சொல்லும் வாக்கு ஒன்றே: பாடுபட வேண்டாம், காத்திருக்க வேண்டாம்.

2025ஆம் ஆண்டு ஜூலை மாதம் குமரி மாவட்டம் குளச்சல் பகுதியில் பதினேழு வயது மாணவர் ஒருவர் திடீரென மூச்சுத் திணறி உயிரிழந்தார். கல்லூரியில் சேரவிருந்த பிள்ளை. எடையைக் குறைக்க எண்ணி, காணொளி ஒன்றைப் பார்த்து, ஏறத்தாழ மூன்று மாத காலம் பழச்சாற்றையே உணவாகக் கொண்டிருந்தார் என்று குடும்பத்தினர் கூறியதாகச் செய்திகள் வெளியாயின. ஒருவரின் இறப்புக்கான காரணத்தை மருத்துவ ஆய்வே உறுதிசெய்ய வேண்டும். ஆயினும் ஒரு பிள்ளை மூன்று மாதம் சோறு தொடாமல் இருந்தது வீட்டுப் பெரியவர்கள் ஒவ்வொருவரையும் ஒரு கணம் நிறுத்திச் சிந்திக்கவைக்கும். தட்டில் சோறு குறைகிறதா என்று முதலில் கவனிப்பவர்கள் பாட்டியும் தாத்தாவுந்தாமே?

விரைந்து குறைவது எது?

பட்டினி தொடங்கிய முதல் வாரத்தில் எடைக்கருவியின் முள் மளமளவென இறங்குவது உண்மைதான். அங்கேதான் மனம் மயங்குகிறது. ஈரலிலும் தசையிலும் உடல் சிறிதளவு மாவுச்சத்தைச் சேமித்துவைத்திருக்கிறது. அச்சேமிப்பு தன் எடையைப்போல் ஏறத்தாழ மூன்று மடங்கு நீரையும் தன்னோடு பிடித்துவைத்திருக்கும். உணவு நின்றதும் முதலில் செலவாவது இந்தச் சேமிப்பே; அதனோடு நீரும் வெளியேறுகிறது. முதல் வாரத்தில் போனது பெரும்பாலும் கொழுப்பன்று, தண்ணீர். மீண்டும் ஒருநாள் வயிறார உண்டால் அந்த நீர் திரும்ப வந்து சேர்கிறது.

பட்டினி நீண்டால் உடல் தன் தசையையும் கரைக்கத் தொடங்குகிறது. முதியோருக்கு இதுவே பெரிய இழப்பு. வயது ஏற ஏறத் தசை தானாகவே மெலிகிறது. எஞ்சியிருக்கும் தசைதான் பேருந்துப் படியில் ஏறவும், தரையிலிருந்து எழவும், இடறினால் விழாமல் நிற்கவும் துணைநிற்கிறது. பட்டினியால் தசையை இழந்த பின் பழையபடி உண்ணத் தொடங்கினால், திரும்பி வரும் எடையில் பெரும்பங்கு கொழுப்பாக அமைகிறது. எடை பழைய எண்ணுக்கே வந்துவிடும், வலிமை வருவதில்லை.

வேறு தீங்குகளும் உண்டு. மிக விரைவாக இளைப்போருக்குப் பித்தப்பையில் கல் தோன்றும் வாய்ப்பு கூடுகிறது. உடலின் உப்புச்சத்துகளின் சமநிலை குலைந்தால் இதயத் துடிப்பே தடுமாறலாம். நீரிழிவுக்கு இன்சுலினோ சிலவகை மாத்திரைகளோ எடுத்துக்கொள்பவர்கள் உணவைத் தவிர்த்தால், சர்க்கரை அளவு திடீரெனத் தாழ்ந்து மயக்கம் வரும். விடியற்காலையில் குளியலறையில் வழுக்கி விழுந்தார் என்று கேள்விப்படும் நிகழ்ச்சிகளில் சிலவற்றுக்கு முந்தைய இரவின் வெறும் வயிறும் காரணமாக இருக்கக்கூடும்.

அப்படியானால் எவ்வளவு குறையலாம்? ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் இந்தியர்களுக்கென வெளியிட்டுள்ள உணவு நெறிமுறைகள், வாரத்துக்கு அரைக் கிலோ குறைவது பொதுவாகப் பாதுகாப்பானது என்கின்றன. எடை குறைக்கும் உணவுமுறையிலும் நாளொன்றுக்கு 1000 கலோரிக்குக் கீழே போகக்கூடாது என்பதும் அவற்றின் அறிவுரை. எழுபது கிலோ எடையுள்ளவர் ஒருவர் நூற்றுக்கு ஐந்து பங்கு, அதாவது மூன்றரைக் கிலோ குறைத்தாலே இரத்த அழுத்தமும் சர்க்கரையும் கட்டுக்குள் வரத் துணைசெய்யும். வாரம் அரைக் கிலோ என்றால் அதற்கு ஏழு வாரம். ஏறத்தாழ ஒரு மண்டலம். விரதமிருந்து மாலையணியும் நம்மவர்க்கு ஒரு மண்டலம் காத்திருப்பது புதிதன்று.

விரதம் வேறு, பட்டினி வேறு

நாங்கள் ஏகாதசியும் கிருத்திகையும் இருப்பவர்கள்தாமே, பட்டினி எங்களுக்குப் பழக்கமாயிற்றே என்று சிலர் கேட்கலாம். விரதத்தை வகுத்த முன்னோர் அதற்கு ஒரு கரையும் கட்டிவைத்தார்கள். ஏகாதசிக்கு ஒரு நாள். மறுநாள் துவாதசியில் உரிய நேரத்தில் பாரணை. அகத்திக்கீரை, நெல்லிக்காய், சுண்டைக்காய் என்று வயிற்றுக்கு இதமானவற்றைச் சேர்த்து நோன்பை முடிப்பது மரபு. பாரணையை விட்டுவிட்டால் விரதமே நிறைவுறாது என்று விதித்ததில் எத்தனை கருணை இருக்கிறது! உண்ணாமல் இருக்கச் சொன்ன சாத்திரமே, மறுநாள் கட்டாயம் உண்ணவும் சொல்லியிருக்கிறது. முதியவர், நோயாளர், கருவுற்ற பெண்கள், குழந்தைகள் ஆகியோர்க்கு விலக்கும் தந்திருக்கிறது.

மறுபுறம், விரதம் என்ற பெயரில் நாம் செய்யும் வேடிக்கையும் உண்டு. பலகாரம் என்னும் சொல் பழ உணவைக் குறிக்கும் வடசொல்லிலிருந்து வந்தது. சோற்றை விட்டுப் பழம் உண்பதே அதன் தொடக்கப் பொருள். நாளடைவில் அது இட்லியாகி, தோசையாகி, வடையும் பாயசமும் ஆயிற்று. விரத நாளில் ஒருவேளைச் சோற்றை விட்டு இருவேளைப் பலகாரம் உண்டால், மற்ற நாளைவிடக் கூடுதலாகவே உள்ளே போகும்.

செஞ்சிக்கு அருகில் திருநாதர்குன்று என்னும் பாறைக்குன்று இருக்கிறது. இருபத்துநான்கு தீர்த்தங்கரர்களின் உருவங்கள் வரிசையாகச் செதுக்கப்பட்ட சமணத்தலம். சந்திரநந்தி என்னும் ஆசிரியர் 57 நாள் உண்ணாநோன்பிருந்து உயிர் நீத்ததை அங்குள்ள பழமையான கல்வெட்டு சொல்கிறது. இளையபட்டாரர் என்பவர் 30 நாள் நோன்பிருந்ததை மற்றொரு கல்வெட்டு சொல்கிறது. அவர்கள் உலகப்பற்றை முற்றத் துறந்து, இவ்வுடலே போதும் என்று விடைகொடுத்த துறவிகள். உடலை நலத்தோடு வைத்துக்கொண்டு பேரப்பிள்ளைகளோடு வாழ விரும்பும் இல்லறத்தார்க்கு அந்த வழி உரியதன்று. நாள்கணக்கில் உண்ணாதிருப்பதன் முடிவு எது என்பதை அக்கல்லே சொல்லிவிடுகிறது.

நம் நூல்களோ நடுவழியையே காட்டுகின்றன. அளவுக்கு மீறி உண்பவனுக்கும் அறவே உண்ணாதவனுக்கும் யோகம் கைகூடாது என்பது கீதையின் ஆறாம் அத்தியாயம் உரைக்கும் கருத்து. திருக்குறளில் மருந்து என்னும் அதிகாரத்தில் வள்ளுவர் பெரிதும் பேசுவது உணவின் அளவைப் பற்றியே. முன்பு உண்டது செரித்ததா என்று பார்த்து, பசித்தபின், அளவறிந்து உண்பவர்க்கு நோய் அணுகாது என்பது அவர் காட்டும் நெறி. உடலை இழிவாக எண்ணியிருந்த தாம், அதனுள் இறைவன் கோயில்கொண்டிருப்பதைக் கண்டபின் அதனைப் பேணலானதாகத் திருமூலர் சொல்கிறார். கோயிலைப் புதுப்பிக்க விரும்புகிறவர் தூணைப் பெயர்ப்பதில்லை.

ஔவை காட்டிய வழி

நடுநாட்டில், தென்பெண்ணைக் கரையில் அமைந்த தலம் திருக்கோவலூர். அட்டவீரட்டத் தலங்களுள் ஒன்றான அக்கோயிலில் பெரியானைக் கணபதி எழுந்தருளியிருக்கிறார். ஔவையார் அங்கே பூசையில் அமர்ந்திருந்தபோது, சுந்தரர் வெள்ளை யானை மீதும் சேரமான் பெருமாள் குதிரை மீதும் கயிலைக்குச் செல்வதை அறிந்தார். தாமும் உடன் செல்லும் ஆவலில் பூசையை விரைவாக முடிக்க முற்பட்டார். பதற்றம் வேண்டா, வழக்கம்போல் ஆற அமரப் பூசை செய்க, அவர்களுக்கு முன்னே உன்னைக் கொண்டுசேர்ப்பது என் பொறுப்பு என்று விநாயகர் அருளினார். ஔவையும் மனம் ஒன்றிப் பூசையை நிறைவேற்றி, விநாயகர் அகவலைப் பாடினார். கணபதி அந்த மூதாட்டியைத் துதிக்கையால் தூக்கிக் கயிலையில் இறக்கிவிட்டார். யானையிலும் குதிரையிலும் வந்தவர்கள் பிறகே வந்து சேர்ந்தனர்.

ஔவை அன்று ஒன்றும் புதிதாகச் செய்யவில்லை. அன்றாடம் செய்த பூசையைத்தான் அன்றும் செய்தார். ஒரு படியையும் தாண்டவில்லை. உடலைப் பேணுவதிலும் நம் கையில் இருப்பது நாள்தோறும் செய்யும் சிறு காரியமே.

அன்றாடம் செய்யத்தக்கவை

உணவில் தொடங்கலாம். தட்டில் சோற்றின் பங்கைச் சற்றே குறைத்து, அந்த இடத்தில் கீரையும் காயும் பருப்பும் வரட்டும். தசை மெலியாதிருக்க முதியவர்க்குப் புரதம் தேவை. பாசிப்பயறு, கொண்டைக்கடலை, உளுந்து, தயிர், நம் விழுப்புரச் சீமையின் மல்லாட்டை எல்லாம் அதைத் தருபவை. மல்லாட்டையை எண்ணெயில் வறுக்காமல், ஒரு கைப்பிடி அவித்து உண்டால் போதும். கேழ்வரகும் கம்பும் நல்லவை. ஆனால் சிறுதானியம் என்பதற்காக அளவில்லாமல் உண்டால் அதுவும் பாரமே. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் பருப்பு, பழங்களின் அளவை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

கோயில் பிரசாதத்தை மறுக்க வேண்டியதில்லை. உள்ளங்கையில் பெறுவதே பிரசாதத்தின் அளவு. தொன்னை நிறையப் பொங்கலும், வீட்டுக்கென்று இன்னொரு பொட்டலம் புளியோதரையும் வாங்குவது பக்தியின் கணக்கில் சேராது.

நடைக்குப் பிரகாரத்தைவிடச் சிறந்த இடம் எது? நிறைமாதக் கருவுற்றவள் எண்ணெய்க் குடத்தை ஏந்திச் செல்வதுபோல மெல்ல வலம்வர வேண்டும் என்பது பெரியோர் வாக்கு. கால் பழகிய பின், பேசிக்கொண்டே நடக்க இயலும் அளவுக்கு வேகத்தைச் சற்றுக் கூட்டலாம். வாரத்துக்கு 150 நிமிட நடையும், அதனோடு வாரம் மூன்று நாளாவது தசை வலிமைக்கும் சமநிலைக்குமான பயிற்சியும் முதியோர்க்கு வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. நாற்காலியிலிருந்து கையூன்றாமல் பத்து முறை எழுந்து அமர்வதும் பயிற்சிதான். பல மாதம் நடவாதவர், பௌர்ணமி வந்ததும் திருவண்ணாமலையில் 14 கிலோமீட்டர் கிரிவலம் போகத் துணிய வேண்டாம். இன்று ஒரு சுற்று, அடுத்த வாரம் இரண்டு என்று உள்ளூர்க் கோயிலில் காலைப் பழக்கிக்கொள்ளட்டும், அருணாசலர் காத்திருப்பார்.

எடையை நாள்தோறும் பார்த்து மகிழ்வதும் மனமுடைவதும் வேண்டாம். வாரம் ஒருமுறை, அதே கிழமையில், காலையில் வெறும் வயிற்றில் பார்த்துக் குறித்துவைத்தால் போதும். எடை குறையக் குறைய மாத்திரைகளின் அளவையும் மாற்ற வேண்டியிருக்கும். அதைத் தாமே செய்யாமல் மருத்துவரிடம் கேட்க வேண்டும். 2021ஆம் ஆண்டு தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் பணியாளர்கள் வீடுதேடி வந்து இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கிறார்கள், அவர்களிடமும் சொல்லிவைக்கலாம். முயற்சி ஏதும் செய்யாமலே ஆறு மாதம், ஓராண்டுக்குள் எடை நூற்றுக்கு ஐந்து பங்குக்குமேல் குறைந்தால், இளைத்துவிட்டோம் என்று மகிழாமல் உடனே மருத்துவரைப் பார்க்க வேண்டும். அது உள்ளே இருக்கும் நோயின் அறிகுறியாகவும் இருக்கலாம்.

பேரப்பிள்ளைகள் திடீரென உணவை ஒதுக்கினால், கடிந்துகொள்ளாமல் அருகில் அமர்த்தி விசாரியுங்கள். தடித்துவிட்டாய் என்று விளையாட்டாகக்கூடச் சொல்லாதீர்கள். அந்த ஒரு சொல்லே சில பிள்ளைகளைப் பட்டினியில் தள்ளுகிறது. மாலையில் கோயிலுக்குக் கையைப் பிடித்து அழைத்துச் சென்று, இரண்டு சுற்றுச் சேர்ந்து வலம்வாருங்கள். திரும்பி வந்து ஒரே பந்தியில் அமர்ந்து, அளவோடு உண்ணுங்கள்.

அடுத்த சனிக்கிழமை சிங்கவரம் படியேறும்போது மூச்சு வாங்கினால், வழக்கம்போல் சற்றே அமரலாம். பெருமாள் எழுந்து போய்விடமாட்டார். அவர் எத்தனையோ நூற்றாண்டுகளாக அங்கேயே படுத்திருக்கிறார்.