குறட்டை விடுகிறவர் நன்றாகத் தூங்குகிறாரா?



"அத்தா அசந்து தூங்குறாங்க, குறட்டைச் சத்தம் தெருவரைக்கும் கேக்குது." நம் வீடுகளில் சிரித்துக்கொண்டே சொல்லும் பேச்சு இது. குறட்டை என்றால் ஆழ்ந்த தூக்கம் என்று எண்ணிப் பழகிவிட்டோம். ஆனால் பலமான குறட்டை, நடுவில் திடீர் அமைதி, பிறகு மூச்சுத் திணறி விழிப்பது போன்ற ஒரு சத்தம் என்று மாறி மாறி வந்தால் அது நோயின் அறிகுறியாக இருக்கலாம். மருத்துவர்கள் அதை 'ஸ்லீப் ஆப்னியா' என்கிறார்கள். தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருவது என்று பொருள்.

இந்தி இசையமைப்பாளர் பப்பி லஹிரி 2022 பிப்ரவரி 15 அன்று மும்பையில் 69 வயதில் காலமானபோது, அவருக்கு இந்த நோய் இருந்ததை மருத்துவர்கள் தெரிவித்தனர். அப்போதுதான் நம்மில் பலர் இந்தப் பெயரையே கேள்விப்பட்டோம். இந்தியாவில் உழைக்கும் வயதினரில் ஏறத்தாழ 10.4 கோடி பேருக்கு இது இருக்கலாம் என்று டெல்லி எய்ம்ஸ் மருத்துவர்கள் 2023இல் மதிப்பிட்டார்கள்.

தூங்கும்போது தொண்டைத் தசைகள் தளரும். உடல் பருமன், கழுத்துக் கொழுப்பு, பெரிய டான்சில், சிறிய தாடை இவற்றில் ஏதாவது இருந்தால் மூச்சுப் பாதை அடைபடும். 10 நொடியோ அதற்கு மேலோ காற்று போகாது. இரத்தத்தில் ஆக்ஸிஜன் இறங்கும். உடனே மூளை ஆபத்தை உணர்ந்து நம்மை அரைகுறையாக எழுப்பிவிடும். மூச்சு வந்ததும் மீண்டும் தூக்கம். கடுமையான நோயாளிக்கு ஒரு மணி நேரத்தில் 30 தடவைக்கு மேல் இப்படி நடக்கும். 7 மணி நேரம் படுத்தால் 200 தடவைக்கு மேல்! காலையில் அவருக்கு எதுவும் நினைவிருக்காது. களைப்பும் தலைவலியும் மட்டும் மிஞ்சும்.

இதில் மூளைக்கு என்ன நஷ்டம்? பகலில் கற்றதை நினைவில் பதிய வைப்பது தூக்கத்தில் நடக்கும் வேலை. தூக்கம் துண்டுதுண்டானால் அந்த வேலை கெடும். மறதி, கவனச் சிதறல், எரிச்சல், மனச்சோர்வு வரும். தூக்கத்தின்போது மூளையில் சேர்ந்த கழிவுகள் அகற்றப்படுவதாக, எலிகளை வைத்து அமெரிக்காவின் ரோசெஸ்டர் பல்கலைக்கழகத்தினர் 2013இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். அதைப் பற்றிய ஆய்வுகள் இன்னும் தொடர்கின்றன. சிகிச்சை பெறாத ஸ்லீப் ஆப்னியா இரத்த அழுத்தத்தைக் கூட்டும், பக்கவாதத்துக்கு வழிவைக்கும் என்பது தெளிவாகத் தெரிந்த விஷயம்.

திருக்கோகர்ணத்திலிருந்து நள்ளிரவில் திருச்சி விமான நிலையத்துக்கு வெளிநாட்டுப் பயணிகளை ஏற்றிச் செல்லும் ஓட்டுநரை எண்ணிப் பாருங்கள். அவர் ஒரு நொடி கண்ணயர்ந்தால் போவது அவர் உயிர் மட்டுமல்ல.

பிள்ளைகளுக்கும் இது வரும். பெரும்பாலும் டான்சில், அடினாய்டு வீக்கமே காரணம். வாயைத் திறந்தபடி தூங்குவார்கள், குறட்டை விடுவார்கள். பெரியவர்களைப் போலச் சோர்ந்து விழாமல் துறுதுறுவென்று அலைகிற பிள்ளையும் உண்டு. மக்தபில் நேற்று ஓதிய பாடம் இன்று மறந்துபோகும். அந்தப் பிள்ளையைச் சோம்பேறி என்று திட்டுவதற்கு முன்னால், இரவில் அவன் எப்படித் தூங்குகிறான் என்று பெற்றோரிடம் ஒரு வார்த்தை கேட்பது உஸ்தாதுகளாகிய நம் கடமை. சுப்ஹுக்கு எழ முடியாமல் திணறும் பெரியவரையும், குத்பாவில் கண்ணயர்கிறவரையும் ஈமான் குறைந்தவர் என்று எடைபோட வேண்டாம். அவருக்கு வேண்டியது மருத்துவராக இருக்கலாம்.

இந்த நோய்க்குச் சாட்சி பக்கத்தில் படுப்பவர்தான். மனைவிமார்களே, கணவரின் மூச்சு நின்று வருவதைக் கண்டால் தயங்காமல் சொல்லுங்கள். இரண்டு நிமிடம் செல்போனில் பதிவு செய்து மருத்துவரிடம் காட்டலாம். பெண்களுக்கும், குறிப்பாக மாதவிலக்கு நின்ற பிறகு, இது வருகிறது. "பொம்பளை குறட்டை விடுறாளா?" என்ற கேலிக்கு வெட்கப்பட்டு மறைக்க வேண்டாம்.

புதுக்கோட்டை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ, காது மூக்கு தொண்டை மருத்துவரிடமோ முதலில் காட்டலாம். தேவைப்பட்டால் ஓர் இரவுத் தூக்க ஆய்வுக்கு எழுதித் தருவார்கள். எடை குறைத்தால் பலருக்கு நோய் தணியும். மல்லாந்து படுக்காமல் ஒருக்களித்துப் படுப்பது பலருக்கு உதவும். வலப்பக்கம் சாய்ந்து உறங்கும் சுன்னத்தைப் பேணுவோருக்கு இது புதிதல்ல. கடுமையாக இருந்தால், 1981இல் ஆஸ்திரேலிய மருத்துவர் காலின் சல்லிவன் அறிமுகப்படுத்திய 'சிபாப்' கருவி உண்டு. அது முகமூடி வழியாகக் காற்றை அழுத்தி அனுப்பித் தொண்டையைத் திறந்து வைக்கும். பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் டான்சில், அடினாய்டு அறுவை சிகிச்சையே போதும். தூக்கம் சரியில்லை என்று மருந்துக்கடையில் தூக்க மாத்திரை வாங்கிப் போடாதீர்கள். சில மாத்திரைகள் மூச்சடைப்பை இன்னும் கூட்டிவிடும்.

உடலுக்கும் நம்மீது உரிமை உண்டு என்று நபி (ஸல்) அவர்கள் கற்றுத் தந்திருக்கிறார்கள். இன்று இரவே உங்கள் வீட்டில் உறங்குகிறவர்களின் மூச்சைச் சற்றுக் கவனித்துக் கேளுங்கள். அல்லாஹ் நம் அனைவருக்கும் ஆஃபியத்தைத் தருவானாக. ஆமீன்.