கடைசி நூறு யார் மணல்

கடந்த பெருநாள் விடுமுறையில் குடும்பத்தோடு திருகோணமலைப் பக்கம் போயிருந்தோம். ஒரு வானில் ஒன்பது பேர். நிலாவெளிக் கடற்கரையை ஒட்டிய ஹோட்டலொன்றின் வாசலில் வாகனத்தை நிறுத்தியதும் பிள்ளைகள் பாய்ந்து இறங்கி ஓடிவிட்டார்கள். எழுபத்தாறு வயதான உம்மா மட்டும் இறங்கவில்லை. இரண்டு முழங்கால்களும் தேய்ந்துபோய், வீட்டுக்குள் கைத்தடியோடும் வெளியில் சக்கர நாற்காலியோடும் நடமாடுபவர் அவர். சக்கர நாற்காலியும் வாகனத்தின் பின்னால் இருக்கத்தான் செய்தது. ஆனால், ஹோட்டல் வாசலில் நான்கு படிகள். அதைத் தாண்டினால் கடல் வரைக்கும் நூறு யார் மணல்.

"நீங்க போய்க் குளிச்சிட்டு வாங்க மகன், நான் இதுக்குள்ளயே இருக்கன்" என்றார்.

உம்மாவைத் தனியே விட மனமின்றி என் மனைவியும் வாகனத்திலேயே இருந்துவிட்டார். அரை மணி நேரத்தில் எல்லோரும் திரும்பிவிட்டோம். பகல் சாப்பாட்டை அங்கேயே முடித்துக்கொண்டு அஸர் வரை இருப்பதுதான் எமது திட்டம். அன்று அந்த ஹோட்டல் ஒன்பது பேரின் சாப்பாட்டுக் காசை இழந்தது. ஆனால், இழந்தது அவர்களுக்குத் தெரியாது. கணக்குப் புத்தகத்தில் ஒருபோதும் பதியப்படாத நட்டம் அது. அந்த நட்டத்தைப் பற்றியே இவ்வாரம் பேச விரும்புகின்றேன்.

கப்பலில் வருபவர்கள் யார்?

உல்லாசக் கப்பல்களில் உலகைச் சுற்றுவோரில் கணிசமான தொகையினர் ஓய்வுபெற்ற மூத்தோர். கையில் காசும் நேரமும் உள்ளவர்கள், காலில்தான் பலமில்லை. கப்பலுக்குள் அவர்களுக்குச் சிக்கல் குறைவு. மின்தூக்கி உண்டு, சக்கர நாற்காலி நுழையும் அறைகள் உண்டு. கப்பல் துறைமுகத்தை அடைந்த பின்னர்தான் பிரச்சினை தொடங்குகின்றது. அதில் மூன்று கட்டங்கள் உள்ளன. கப்பலிலிருந்து தரைக்கு, தரையிலிருந்து வாகனத்துக்கு, வாகனத்திலிருந்து கடல் நீருக்கு.

முதலாவது கட்டம் துறைமுகத்தைப் பொறுத்தது. காலியில் பெரிய கப்பல்கள் வெளியே நங்கூரமிட்டு, பயணிகளைச் சிறு படகுகளில் கரைக்கு அனுப்புகின்றன. ஆடும் படகில் நாலு எட்டு வைக்க முடியாதவர் கப்பலிலேயே தங்க நேரிடும். கப்பல் நேரடியாக அணையும் இறங்குதுறை இருந்தால் இந்தத் தொல்லை பெருமளவு குறையும். திருகோணமலையில் அப்படியொன்று இருக்கின்றது. எமது மண்ணின் மைந்தரும் 1994 முதல் துறைமுகங்களுக்குப் பொறுப்பான அமைச்சராக இருந்தவருமான மர்ஹூம் எம்.எச்.எம். அஷ்ரப் அவர்களின் பெயரைத் தாங்கிய இறங்குதுறை அது. 2023ஆம் ஆண்டு நடுப்பகுதியில் சென்னையிலிருந்து புறப்பட்ட 'எம்பிரஸ்' உல்லாசக் கப்பல் அம்பாந்தோட்டைக்கும் திருகோணமலைக்கும் காங்கேசன்துறைக்கும் வந்து போனது. தமிழ் பேசும் பயணிகளை ஏற்றிக்கொண்டு கப்பல் எமது கிழக்குக்கு வரும் என்பதற்கு அது சான்று.

இரண்டாவது கட்டம் வாகனம். கல்முனையிலிருந்து திருகோணமலைக்குக் கரையோர வீதியால் ஏறத்தாழ 170 கிலோமீற்றர். வழிநெடுகப் 'பாதை'யில் ஏறி இறங்கி, துறைக்குத் துறை காத்துக் கிடந்த காலம் பலருக்கும் ஞாபகமிருக்கும். 2009இல் கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்டது. ஏனைய பாலங்களும் வந்தன. இன்று காலையில் போய் மாலையில் வரலாம். வான் வைத்து ஹயர் ஓடும் எம்மவர்கள் எத்தனையோ பேர். அவர்களில் ஒருவராவது பின்கதவில் மடித்து வைக்கும் சரிவுப் பலகையும், சக்கர நாற்காலியைத் தரையோடு பிணைக்கும் பட்டிகளும் பொருத்தினால் அவரைத் தேடி ஆட்கள் வருவார்கள். ஒன்றை மட்டும் மறக்கக்கூடாது. கப்பல் மாலையில் குறித்த நேரத்துக்குப் புறப்பட்டுவிடும். இந்தத் தொழிலில் நேரம் தவறினால் பெயர் கெடும்.

மூன்றாவது கட்டம்தான் மணல். அங்கேதான் எல்லோரும் தோற்கிறோம்.

மெரினாவில் செய்த வேலை

சென்னையும் உல்லாசக் கப்பல் புறப்படும் துறைமுக நகரம்தான். துறைமுகத்துக்குத் தெற்கே மெரினா. சாலையிலிருந்து அலைக்குப் போக வெகுதூரம் மணலில் நடக்க வேண்டும். அங்கே விவேகானந்தர் இல்லத்துக்கு எதிரே 263 மீற்றர் நீளமும் 3 மீற்றர் அகலமும் கொண்ட மரப்பாதையொன்றை சென்னை மாநகராட்சி அமைத்தது. செலவு 1.14 கோடி இந்திய ரூபா. 2022 நவம்பர் 27ஆம் திகதி அது திறந்து வைக்கப்பட்டது. அதற்கு முன்னர் கடல் அலையைப் பக்கத்தில் பார்த்தேயிராத சென்னைவாசிகள் சக்கர நாற்காலியில் அலை வரைக்கும் போனார்கள்.

ஆனால், இரண்டு வாரம் ஆவதற்குள் மாண்டஸ் புயல் வந்தது. கடல் பொங்கியதில் பாதையின் கடல்பக்க நுனி சேதமடைந்தது. பின்னர் திருத்தி மீண்டும் திறந்தார்கள். வங்காள விரிகுடாவின் கரையில் நிரந்தரமாக எதைக் கட்டினாலும் டிசம்பர் மாதம் வந்து கணக்குக் கேட்கும் என்பதுதான் அதிலுள்ள பாடம்.

இந்தப் பாடத்தை எமக்கு யாரும் சென்னையிலிருந்து வந்து சொல்லித்தர வேண்டியதில்லை. எமது ஒலுவிலைப் பாருங்கள். டென்மார்க் நாட்டின் கடனுதவியோடு 2008இல் தொடங்கி 2013 செப்டெம்பரில் திறக்கப்பட்ட துறைமுகம் அது. கரையோரமாக நகரும் மணலை அலைத்தடுப்பு மறித்தது. வாய் மணலால் அடைபட்டது. வடக்கே கரையும் தென்னந்தோப்புகளும் கடலுக்குள் போயின. கப்பல் வரும், காசு வரும் என்று காத்திருந்த மீனவர் தோணி இறக்கவும் கரையின்றித் தவித்தனர். பெரிதாகக் கட்டினால்தான் வியாபாரம் வரும் என்ற எண்ணத்தை நாம் விட்டுவிடலாம். கடற்கரைக்குப் போகும் வழியைப் பொறுத்தவரை சிறியதும், கழற்றக்கூடியதுமே எமக்குப் பொருத்தம்.

என்ன செய்யலாம்?

சாதாரண சக்கர நாற்காலி மணலில் புதைவதற்குக் காரணம் அதன் மெலிந்த சில்லு. முழுப் பாரமும் இரண்டு விரல் அகலத்தில் இறங்குகின்றது. கடற்கரை நாற்காலியில் பலூன் போலப் பருத்த, காற்றுக் குறைந்த சில்லுகள் பொருத்தப்பட்டிருக்கும். பாரம் பரவுவதால் மணலின் மேலே உருண்டு போகும். சில வகைகள் நீரில் மிதக்கவும் செய்யும். ஸ்பெயினின் பெரும் உல்லாசக் கப்பல் துறைமுகமான பார்சலோனாவில், நோவா இகாரியா கடற்கரையில் இத்தகைய நாற்காலிகளோடு உதவியாளர்களும் நின்று, நடக்க முடியாதவர்களைக் கடலில் குளிக்க வைக்கின்றார்கள்.

மணலில் விரிப்பதற்குத் தடிப்பான செயற்கை இழைப் பாய்கள் உண்டு. காலையில் விரித்து மாலையில் சுருட்டலாம். அது கிடைக்காவிட்டால் எமது தச்சர்கள் மரச்சட்டங்களால் தட்டிகள் செய்யலாம். சட்டங்கள் பாதைக்குக் குறுக்காக இருக்க வேண்டும். நெடுக்காக வைத்தால் நாற்காலியின் முன்சில்லு இடுக்கில் இறங்கிவிடும். மாரி தொடங்குமுன் தட்டிகளைக் கழற்றி எடுத்து வைத்துவிடலாம்.

வாசல் படிகளுக்கு வருவோம். சரிவுப் பாதைக்கு உலகெங்கும் வழக்கிலுள்ள கணக்கு, ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம். நான் பார்த்த ஹோட்டலில் நான்கு படிகள். படிக்கு ஆறு அங்குலம் என்றால் மொத்தம் இரண்டு அடி உயரம். ஆக, 24 அடி சரிவு போதும். இடமில்லாவிட்டால் நடுவில் தட்டொன்று விட்டு இரண்டாக மடிக்கலாம். கல்முனையில் எந்த வெல்டிங் கடையும் செய்யக்கூடிய வேலை இது. அதோடு, சுமார் மூன்றடி அகலக் கதவுள்ள, பிடிமானக் கம்பி பொருத்திய ஒரு மலசலகூடம். இதில்லாமல் மற்ற எல்லாம் இருந்தும் பயனில்லை. மலசலகூடத்துக்குப் போக முடியாத இடத்தில் எந்த மூத்தவரும் அரை நாள் இருக்கமாட்டார்.

இன்னொன்று, உண்மையைச் சொல்வது. "வசதி உண்டு" என்று விளம்பரம் போட்டுவிட்டு, வந்தவரை நான்கு பேர் தூக்கிக்கொண்டு போவது வசதியல்ல, அவமானம். படி எத்தனை, கதவு எத்தனை அங்குலம், மணல் எத்தனை யார் என்பதைப் படத்தோடு முன்கூட்டியே சொன்னால் போதும்; வருவதா இல்லையா என்று அவரே தீர்மானித்துக்கொள்வார். உதவுகின்ற பையன்களும் "எப்படிப் பிடிக்கட்டும்?" என்று கேட்ட பின்னரே கை வைக்கப் பழக வேண்டும்.

காலத்தையும் கவனிக்க வேண்டும். வெளிநாட்டு உல்லாசக் கப்பல்கள் பெரும்பாலும் நவம்பர் தொடக்கம் ஏப்ரல் வரை இந்து சமுத்திரப் பக்கம் வருபவை. எமது கிழக்குக் கடலோ நவம்பர் தொடக்கம் ஜனவரி வரை கொந்தளிக்கும். எனவே, கப்பலை மட்டும் நம்பி முதலிடக் கூடாது. வருடம் முழுவதும் வரக்கூடிய வாடிக்கையாளர் வேறு யாருமல்லர், எமது நாட்டவர்களே.

2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி, இலங்கையில் ஐந்து வயதுக்கு மேற்பட்டோரில் 8.7 வீதமானோர் பார்த்தல், கேட்டல், நடத்தல் போன்ற ஏதேனுமொன்றில் சிரமமுடையோர். அறுபது வயதைத் தாண்டியோர் அப்போதே 12.4 வீதம். யுத்தத்தில் காலை இழந்தவரும், நீரிழிவினால் காலை இழந்தவரும் எமது ஊர்களில் வாழ்கின்றனர். இவர்களில் ஒருவர் வெளிக்கிட்டால் தனியே வரமாட்டார். முழுக் குடும்பமும் வரும். அவர் வரமுடியாவிட்டால் முழுக் குடும்பமும் வராது.

சட்டமும் இவர்கள் பக்கமே நிற்கின்றது. வலது குறைந்தோரின் உரிமைகளைப் பாதுகாக்கும் சட்டம் 1996இலும், கட்டடங்களுக்குள் தடையின்றி நுழைவதற்கான ஒழுங்குவிதிகள் 2006 ஒக்டோபரிலும் வந்தன. கிரிக்கெட் நடுவராக இருந்து, 1992இல் மரம் விழுந்து நடமாட்டத்தை இழந்த கலாநிதி அஜித் பெரேரா தொடுத்த வழக்கில், அந்த ஒழுங்குவிதிகளைப் பின்பற்றுமாறு 2009இல் உயர் நீதிமன்றம் கட்டளையிட்டது. ஹோட்டல் கட்ட அனுமதி கேட்டு வருவோரிடம் வரைபடத்தில் சரிவுப் பாதை எங்கே என்று எமது உள்ளூராட்சி மன்றங்கள் கேட்கத் தொடங்கினாலே பாதி வேலை முடிந்துவிடும்.

தொடங்குவதற்கு நிலாவெளி வரை போகவும் தேவையில்லை. கல்முனைக்குடி கடற்கரைப் பள்ளியில் கொடியேற்றம் நடக்கும் நாட்களில் கடலோரம் சனம் நிரம்பி வழியும். மருதமுனையிலும் சாய்ந்தமருதிலும் பின்னேரமானால் காற்று வாங்கக் கூட்டம் சேரும். அங்கெல்லாம் வீதியோரம் நிறுத்திய வாகனத்துக்குள் ஒரு மூத்தவர் அமர்ந்திருப்பதை நீங்களும் கண்டிருப்பீர்கள். ஐம்பது யார் தட்டியும், பருத்த சில்லு நாற்காலிகள் இரண்டும், பக்கத்தில் ஒரு தேநீர்க் கடையும் போதும். வர்த்தக சங்கமொன்று ஒரு பருவ காலத்துக்குப் பரீட்சித்துப் பார்க்கலாம்.

அன்று திரும்பி வரும்போது வாழைச்சேனை தாண்டியதும் உம்மா கேட்டார்: "கடல் எப்படி மகன், தெளிவா இருந்திச்சா?" எனக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை. கடலுக்கு நூறு யார் தூரத்தில் இரண்டு பேரை விட்டுவிட்டுத்தான் நாங்கள் குளித்தோம். அந்த நூறு யாரை முதலில் கடந்து காட்டுபவர் யாரோ, அடுத்த பெருநாளைக்கு எங்கள் ஒன்பது பேரின் காசும் அவருக்குத்தான்.