பள்ளிப் பையில் ஓர் ஊசிமருந்து

பணிமாற்ற ஆணை கைக்கு வந்ததும் குடும்பங்கள் பட்டியல் போடத் தொடங்குகின்றன. வங்கிக் கணக்கைப் புதிய கிளைக்கு மாற்ற வேண்டும். எரிவாயு இணைப்பை ஒப்படைக்க வேண்டும். பிள்ளைகளுக்குப் பள்ளி மாற்றுச் சான்றிதழ் வாங்க வேண்டும். அந்தச் சான்றிதழில் பிறந்த தேதி இருக்கும், தாய்மொழி இருக்கும், நன்னடத்தை கூட இருக்கும். பிள்ளைக்கு எந்த உணவு ஆகாது என்பதை எழுதுவதற்கு அதில் இடம் கிடையாது.

நமக்கு நன்கு தெரிந்த ஒரு குடும்பம் கோயம்புத்தூரிலிருந்து நாகபுரிக்கு மாறிச் சென்றது. எட்டு வயது மகளுக்கு நிலக்கடலை ஒவ்வாது. நான்கு வயதில் ஒரு கடலை உருண்டையைக் கடித்தபோது உதடு வீங்கி உடலெங்கும் தடிப்பு எழுந்ததிலிருந்து அவர்கள் வீட்டில் கடலை நுழைந்ததில்லை. பழைய பள்ளியில் ஆசிரியை முதல் ஆயா வரை எல்லோருக்கும் இது தெரியும். புதிய ஊரில் சிறுமிக்குத் தெரிந்த 'கடலை' என்ற சொல்லே செல்லுபடியாகவில்லை. அங்கே அதன் பெயர் ஷேங்தாணா. மராட்டியச் சமையலில் அது முழுப் பருப்பாகவே வரும் என்பதில்லை. வறுத்துப் பொடித்துக் 'கூட்' என்ற பெயரில் பச்சடி முதல் காய்கறி வரை பலவற்றிலும் கலந்துவிடும். (நம் ஊர்க் கூட்டுக்கும் இதற்கும் உறவில்லை.) தோழி நீட்டிய டப்பாவில் இருந்தது ஜவ்வரிசிக் கிச்சடி. சிறுமி கடலை இருக்கிறதா என்று உற்றுப் பார்த்துவிட்டுத்தான் உண்டாள். முழுக் கடலை ஒன்றும் கண்ணில் படவில்லை.

பத்து நிமிடத்தில் தொண்டை அரித்தது, இருமல் வந்தது, வாந்தி எடுத்தாள், குரல் கம்மியது. ஆசிரியை பதறாமல் தமக்குத் தெரிந்ததைச் செய்தார். வாய் கொப்புளிக்கச் செய்து, முதலுதவிப் பெட்டியிலிருந்து ஒவ்வாமை மாத்திரை ஒன்றைக் கொடுத்து, கையைப் பிடித்து இரண்டு மாடிப் படிகளில் இறக்கி அலுவலகத்தில் உட்கார வைத்துவிட்டுத் தாயாருக்குத் தொலைபேசினார். தாயார் வந்து சேர இருபது நிமிடம். மருத்துவமனைக்குப் போக மேலும் பத்து நிமிடம். அங்கே தொடையில் போட்ட ஓர் ஊசியில் சில நிமிடங்களுக்குள் மூச்சு சீரானது. மறுநாள் வீடு திரும்பினாள்.

அந்த ஆசிரியையைக் குறை கூற நமக்கு மனம் வரவில்லை. அவருடைய இடத்தில் இருந்திருந்தால் நம்மில் பெரும்பாலோர் அதையே செய்திருப்போம். ஆயினும் அந்த அரை மணி நேரத்தின் பொருளை உணர்ந்துகொள்வது நல்லது. கடும் ஒவ்வாமையால் உயிரிழந்தவர்களைப் பற்றி 2000-ஆம் ஆண்டில் பிரிட்டனில் வெளியான ஆய்வு ஒன்று, மூச்சோ இதயமோ நின்றுபோவதற்கு எடுத்துக்கொண்ட நேரத்தைக் கணக்கிட்டது. நடு அளவாக, உணவால் நேர்ந்தால் 30 நிமிடம். தேனீ, குளவிக் கொட்டால் நேர்ந்தால் 15 நிமிடம். ஊசி வழி ஏற்றிய மருந்தால் நேர்ந்தால் 5 நிமிடம்.

இந்நிலையில் முதல் மருந்து அட்ரினலின். நம் உடலே சுரக்கும் பொருள்தான் அது. 1901-இல் ஜப்பானிய வேதியியலாளர் ஜோகிச்சி தக்காமினே அதைத் தூய படிகமாகப் பிரித்தெடுத்ததாக அறிவித்தார். தளர்ந்த இரத்தக் குழாய்களை அது இறுக்குகிறது. சுருங்கிய மூச்சுக் குழல்களை விரிக்கிறது. தொண்டை வீக்கத்தைத் தணிக்கிறது. ஒவ்வாமை மாத்திரையால் அரிப்பும் தடிப்பும் குறையும். அடைபடும் மூச்சையும் வீழும் இரத்த அழுத்தத்தையும் அதனால் மீட்க இயலாது. மாத்திரை கொடுத்துவிட்டோம் என்ற நிம்மதியே ஊசியைத் தாமதப்படுத்துகிறது என்று மருத்துவர்கள் வருந்துவது இதனால்தான். தோலில் தடிப்பு தெரியும் வரை காத்திருப்பதும் தவறு. பத்துப் பேரில் ஒருவருக்கோ இருவருக்கோ தோலில் ஒரு மாற்றமும் காணப்படாமலே இந்நிலை வரலாம். நடக்க வைப்பதும் ஆபத்தானது. திடீரென எழுந்து நின்றபோது உயிர் பிரிந்த நிகழ்வுகள் பதிவாகியுள்ளன. குழந்தையை இருக்கும் இடத்திலேயே படுக்க வைத்துக் கால்களை உயர்த்த வேண்டும். மூச்சுத் திணறினால் கால்களை நீட்டி உட்காரவைக்கலாம். மருத்துவம்தான் குழந்தையிடம் வர வேண்டும்.

அப்படியானால் பள்ளியில் அட்ரினலின் ஏன் இல்லை? விலை காரணம் அன்று. ஒரு மில்லிகிராம் மருந்து கொண்ட ஒரு மில்லிலிட்டர் கண்ணாடிக் குப்பி நம் நாட்டிலேயே தயாராகிறது. அத்தியாவசிய மருந்துகளின் தேசியப் பட்டியலில் இருப்பதால் விலைக் கட்டுப்பாட்டுக்கும் உட்பட்டது. ஊசி போட மருத்துவப் பட்டம் வேண்டும் என்பதும் முழு விடையாகாது. அரசின் தடுப்பூசித் திட்டத்தில் பணிபுரியும் கிராமச் சுகாதாரச் செவிலியர்கள் ஒவ்வொருவரும் தடுப்பூசி போடும் இடத்தில் ஒரு சிறு பெட்டியை உடன் வைத்திருக்க வேண்டும். அதில் அட்ரினலின் குப்பிகள், ஒரு மில்லிலிட்டர் சிரிஞ்சுகள், ஓர் அங்குல ஊசிகள், வயதுக்கேற்ற அளவு குறித்த அட்டை ஆகியவை இருக்கும். தடுப்பூசியால் அரிதாக நேரக்கூடிய கடும் ஒவ்வாமைக்கு அவர்கள் மருத்துவருக்குக் காத்திராமல் முதல் ஊசியைப் போடப் பயிற்சி பெற்றவர்கள். பத்து வயதிலும் பதினாறு வயதிலும் போடும் ரண ஜன்னி, தொண்டை அடைப்பான் தடுப்பூசிக்காக இச்செவிலியர்கள் பள்ளிகளுக்கும் வருகிறார்கள். அன்று ஒரு நாள் அந்தப் பெட்டி பள்ளியில் இருக்கும். மாலையில் அவர்களோடு திரும்பிவிடும். எஞ்சிய நாள்களில் மதிய உணவும் பிறந்தநாள் இனிப்பும் மரத்தடிக் குளவிக்கூடும் மட்டும் இருக்கும்.

அமெரிக்காவில் பள்ளிகள் அவசர அட்ரினலின் வைத்திருப்பதை ஊக்குவிக்கும் சட்டம் 2013-இல் வந்தது. பிரிட்டனில் 2017 அக்டோபர் முதல் மருத்துவர் சீட்டு இல்லாமலே பள்ளிகள் தானியங்கி ஊசிகளை வாங்கி வைக்கலாம். நம் நாட்டில் இவ்வாறு பணிக்கும் மத்தியச் சட்டம் இல்லை. பேனா வடிவிலான அந்தத் தானியங்கி ஊசியும் இங்கே எளிதில் கிடைப்பதில்லை. வெளிநாட்டிலிருந்து தருவிக்கப் பல ஆயிரம் ரூபாய் ஆகும். ஆகவே நமக்கு வாய்த்தது குப்பியும் சிரிஞ்சுமே. அதில் ஓர் இடர் உண்டு என்பதை மறைக்கக் கூடாது. 2001-இல் கனடாவில் நடந்த ஆய்வில், குப்பியை உடைத்துச் சரியான அளவு மருந்தை இழுக்க அவசரப் பிரிவுச் செவிலியர்களுக்குச் சராசரியாக 29 விநாடி போதுமானதாக இருந்தது. பெற்றோருக்கு 142 விநாடி ஆயிற்று. அவர்கள் இழுத்த அளவுகளிலோ 40 மடங்கு வரை வேறுபாடு. மருந்தை வாங்கி வைத்தால் மட்டும் போதாது, கைப்பழக்கமும் வேண்டும் என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை.

நாகபுரிக் குடும்பத்தின் கதை இங்கேதான் சுவையான திருப்பம் பெறுகிறது. மருந்தைப் பள்ளியில் வைக்க வேண்டும் என்று தாயார் கேட்டபோது தலைமையாசிரியை மறுத்துவிட்டார். ஊசி போடுவது ஆசிரியர் பணியன்று, ஏதேனும் நேர்ந்தால் காவல் நிலையம் வரை போக வேண்டியிருக்கும் என்றார். அவர் அச்சம் நியாயமானதே. அடுத்த மாதம் ஐந்தாம் வகுப்புக்குத் தடுப்பூசி போட வந்த செவிலியரின் பெட்டியைத் தலைமையாசிரியையே கண்டார். இதை நீங்களேவா போடுவீர்கள் என்று கேட்டார். ஆம் என்று சொன்ன செவிலியர், அளவு அட்டையையும் எடுத்துக் காட்டினார். அதற்குப் பிறகு நடந்த பேச்சு வேறுவிதமாக இருந்தது.

சட்டமும் அத்தனை கடுமையாக இல்லை. பாரதிய நியாய சம்ஹிதாவின் 27-ஆம் பிரிவு, பன்னிரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தையின் நன்மைக்காகப் பாதுகாவலரின் சம்மதத்தோடு நல்லெண்ணத்தில் செய்வதைக் குற்றமாகக் கருதுவதில்லை. சம்மதம் பெற நேரமே இல்லாத நிலையை 30-ஆவது பிரிவு கவனித்துக்கொள்கிறது. இவற்றுக்கும் வரம்புகள் உண்டு என்றாலும், பெற்றோரின் எழுத்து மூலமான சம்மதமும் மருத்துவரின் கடிதமும் கையில் இருந்தால் ஆசிரியர் தயங்க வேண்டிய அவசியம் வெகுவாகக் குறைகிறது.

அக்குடும்பம் தயாரித்த தாள் ஒரே பக்கம். மேலே சிறுமியின் படம். ஆகாத பொருளின் பெயர் தமிழ், மராத்தி, இந்தி, ஆங்கிலம் என நான்கு மொழிகளில். எந்த அறிகுறி கண்டால் ஊசி போட வேண்டும் என்ற மருத்துவரின் குறிப்பு. எடை 22 கிலோ, அளவு 0.22 மில்லிலிட்டர், இடம் தொடையின் நடுப்பகுதி வெளிப்புறம். தேவையானால் உடையின் மேலேயே போடலாம். ஐந்து நிமிடத்துக்குப் பின்னும் தேறாவிட்டால் இரண்டாவது ஊசி. 108-ஐ அழைப்பவர் யார், அருகில் இருப்பவர் யார் என்பதும் பெயரோடு எழுதப்பட்டது. அளவு அச்சிறுமியின் எடைக்கு மருத்துவர் கணக்கிட்டது. உங்கள் பிள்ளைக்கு உங்கள் மருத்துவரே சொல்ல வேண்டும். இன்சுலின் சிரிஞ்சை மட்டும் பயன்படுத்தக் கூடாது. அதன் ஊசி தசையை எட்டாது.

பயிற்சிக்கு மருத்துவர் இரு ஆசிரியர்களை அழைத்தார். ஆயுஷ்மான் பாரத் பள்ளி நலத் திட்டத்தில் ஒவ்வொரு பள்ளியிலும் இரு ஆசிரியர்களை நலத் தூதர்களாகப் பயிற்றுவிக்கும் ஏற்பாடு 2020 முதல் அரசுப் பள்ளிகளில் இருக்கிறது. அதே முறையை இந்தத் தனியார் பள்ளியும் பின்பற்றியது. தண்ணீர்க் குப்பிகளும் ஆரஞ்சுப் பழங்களும்தான் பயிற்சிப் பொருள்கள். முதல் குப்பியின் கழுத்து உடற்கல்வி ஆசிரியரின் விரலைக் கீறியது. ஆறாவது குப்பிக்குள் கை பழகிவிட்டது.

வாடிக்கையாளர்கள் கவனிக்க வேண்டிய பணச் செய்தி ஒன்றும் உண்டு. மருத்துவக் காப்பீடு எடுக்கும்போதும் வங்கி வழியாகக் குழுக் காப்பீட்டில் சேரும்போதும் பிள்ளையின் ஒவ்வாமையையும் ஆஸ்துமாவையும் விண்ணப்பத்தில் மறைக்காமல் எழுதுங்கள். முன்பே உள்ள நோய்க்கான காத்திருப்புக் காலம் 2024 முதல் அதிகபட்சம் மூன்று ஆண்டுகள்தான். மறைத்ததாகக் கண்டால் கோரிக்கையே மறுக்கப்படலாம். ஊசி போட்ட பின் அறிகுறிகள் சில மணி நேரம் கழித்துத் திரும்பக்கூடும் என்பதால் மருத்துவமனையில் கண்காணிப்பு அவசியம். ஆனால் பெரும்பாலான பாலிசிகள் 24 மணி நேர உள்நோயாளி அனுமதியைக் கோருகின்றன. அவசரப் பிரிவில் ஆறு மணி நேரம் இருந்து திரும்பினால் அச்செலவு உங்களுடையதாகலாம். வெளிநோயாளிச் செலவை ஏற்கும் பாலிசியா என்பதைப் புதுப்பிக்கும் முன் கேட்டுக்கொள்ளுங்கள்.

நாகபுரியின் மே மாத வெயில் 45 பாகையைத் தொடும். அட்ரினலினை 25 பாகைக்குக் கீழே, வெளிச்சம் படாமல் வைக்க வேண்டும், உறையவும் விடக்கூடாது. இரும்பு அலமாரி ஆகாது என்பதால் பெட்டி இப்போது பள்ளி அலுவலகத்தின் குளிரூட்டிய கணினி அறையில் இருக்கிறது. ஏப்ரல் இறுதியில் தாயார் அதைத் திரும்பப் பெற்று, மருந்து இளஞ்சிவப்பாகவோ பழுப்பாகவோ மாறியிருக்கிறதா, காலாவதி எப்போது என்று பார்க்கிறார். ஜூன் இறுதியில் பள்ளி திறக்கும் நாளில் புதிய குப்பிகளும், அந்த ஆண்டின் எடைக்கேற்ப மருத்துவர் திருத்திய தாளும் பெட்டிக்குள் போகின்றன. சென்ற முறை எடை 26 கிலோ.